இறம்பொடை ஏற்றத்துக்குப் பெரிய ஒயில் கூலர் தேவையா?

இறம்பொடைப் பயணி:
அனைவருக்கும் வணக்கம். நான் மின்னிணைப்பு வேலை செய்பவன். வாரத்தில் நான்கு நாட்கள் கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, மாலையில் அதே வழியில் இறங்குகிறேன். என்னுடையது 220 சிசி வண்டி. காற்றால் குளிரும் எஞ்சின். முன்பக்கத்தில், எஞ்சின் ஒயிலைக் காற்றில் குளிரவைக்கும், உள்ளங்கை அகலமுள்ள ஒயில் கூலர் ஒன்று தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. பின்னால் உதவியாளரும் கருவிப் பையும் எப்போதும் இருக்கும். காலையில் உரமூட்டை லொறிகளுக்குப் பின்னால் முதலாம், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து லபுக்கலையை அடையும்போது நியூட்ரல் விழ மறுக்கிறது, கிளட்சை முழுவதுமாகப் பிடித்தாலும் வண்டி முன்னால் இழுக்கிறது, டெப்பட் சத்தமும் (வால்வுப் பக்கத்துத் தட்டல்) கூடிவிடுகிறது. ஆகவே இதைப் போல் இரண்டு மடங்கு உயரமுள்ள, பத்து வரிசைக் கூலரைக் கம்பிப் பின்னல் குழாய்களோடு பொருத்தலாம் என்றிருக்கிறேன். செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் பட்டறை:
தம்பி, பணத்தைச் செலவழிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். கூலர் என்பது காற்று ஊடே போனால்தான் வேலை செய்யும் பொருள். லொறிக்குப் பின்னால் மணிக்குப் பத்துக் கிலோமீற்றரில் ஊர்கிறவருக்கு எஞ்சினைச் சுற்றியுள்ள குளிர்விப்புச் செட்டைகளுக்குக் கிடைக்காத காற்று கூலருக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்? 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 வரை புது வண்டிகள் குறைவாகவே வந்ததால், எங்கள் மலையகத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை வயதானவை. பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினில் எரிந்த வாயு கீழே கசிந்து ஒயிலைச் சூடாக்கும். வால்வு இடைவெளி, ஒயிலின் வயது, கிளட்ச் கேபிளின் தளர்வு, கூலர் இதழ்களுக்கிடையில் அடைந்த சேறு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

அப்புத்தளை ஆசிரியர்:
பட்டறை அண்ணன் சொல்லும் பராமரிப்பு முழுவதும் சரியே. ஆனால் “காற்று இல்லாவிட்டால் கூலரால் பயனில்லை” என்பதை ஏற்க முடியவில்லை. காற்று குறைவாக இருக்கும்போதுதான் பரப்பளவு கூடுதலாக வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். வண்டி, இருவர், சுமை எல்லாம் சேர்ந்து 300 கிலோ என்று வைப்போம். கம்பளைக்கும் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கும் இடையில் ஏறத்தாழ 1400 மீற்றர் ஏற்றம் உண்டு. அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க 4 மெகாஜூலுக்குச் சற்று அதிகமான சக்தி தேவை. எஞ்சின் பெற்றோலின் சக்தியில் காற்பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்றால், ஏற்றத்துக்கு மட்டும் சுமார் அரை லீற்றர் பெற்றோல் எரிந்து 12 மெகாஜூல் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தைக் கொண்டு முப்பது லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அதில் பெரும்பங்கு சைலன்சர் வழியே போனாலும், மிஞ்சியதைச் செட்டைகளும் ஒயிலுமே சுமக்கின்றன. மேலே காற்று குளிர்ந்திருந்தாலும், கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அதே வேகத்தில் அது எடுத்துச் செல்லும் வெப்பமும் நாம் நினைப்பதை விடக் குறைவாகவே இருக்கும்.

ஒயிலால் குளிர்விப்பது சோதிக்கப்படாத வழியும் அன்று. சுசுகி 1985 இல் வெளியிட்ட ஜீஎஸ்எக்ஸ்-ஆர் 750 மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் அந்த முறையிலேயே ஓடியது.

ஹட்டன் பட்டறை:
ஆசிரியர் ஐயா, அந்த சுசுகியில் சிலிண்டர் தலைக்கென்று தனிப் பாதையும், அதற்கு ஒயில் தள்ள இரட்டை அறைப் பம்பும் வைத்தார்கள். ஒயிலின் அளவும் அதற்கேற்றபடி இருந்தது. தம்பியின் எஞ்சினில் இருப்பது ஒரே சிறிய பம்ப். நீளமான குழாயும் அதிக வரிசைகளும் சேர்ந்தால் அந்தப் பம்புக்குத்தான் சுமை.

உங்கள் கணக்கில் ஏற்றம் மட்டுமே இருக்கிறது, இறக்கத்தைக் காணவில்லை. மாலையில் பனி மூடிய நேரத்தில் திரொட்டிலை மூடி, எஞ்சின் பிடியிலேயே இறம்பொடை வளைவுகளில் இறங்கும்போது எஞ்சினுக்குள் எரிவது மிகச் சொற்பம், ஆனால் கூலருக்குக் காற்று நிறைய. அப்படி இறங்கி வந்த வண்டிகளின் கூலரை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். விடியற்காலைத் தகரக் கூரையைப் போலச் சில்லென்று இருக்கும். கார்புரேட்டர் வண்டியில் உயரம் கூடக் கூடக் கலவையில் பெற்றோல் மிகுதியாகிறது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஒயிலில் கலக்கும். அந்தப் பெற்றோலும் எஞ்சினுக்குள் ஊறும் ஈரமும் ஆவியாகி வெளியேற ஒயில் நன்றாகச் சூடாக வேண்டும். குளிர்ந்த ஒயிலில் அவை அப்படியே தங்கிவிடும். நுவரெலியாப் பக்கத்து வண்டிகளில் ஒயில் மூடியைத் திறந்தால் அடியில் பால்தேநீர் நிறத்தில் ஒட்டியிருக்கும் பசையை நாங்கள் எத்தனையோ முறை துடைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்குப் பெரிய பயம். வேறிடத்தில் பெரிய கூலர் பூட்டிய வண்டி ஒன்று என்னிடம் வந்தது. குழாயை நேராக இருக்கும்போது அளந்து வெட்டியிருக்கிறார்கள். ஹாண்டிலை இடப்பக்கம் முழுவதும் திருப்பினால் குழாய் முன்போர்க்கின் விளிம்பில் உரசும். சில மாதங்களில் உறை தேய்ந்து, கினிகத்தேனை இறக்கத்தில் ஒயில் முன்டயரில் சிந்தியது. ஓட்டியவர் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்ததால் உயிர் தப்பினார், மறுபக்கம் பள்ளம். உடைந்த குழாயை நான் இன்னும் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

கண்டி ஓட்டுநர்:
நல்ல செயற்கை ஒயில் ஊற்றினால் போதுமே? எதற்கு இந்தக் குழாய், கூலர் எல்லாம்?

ஹட்டன் பட்டறை:
ஊற்றலாம், ஆனால் குப்பியில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற மோட்டார் சைக்கிள் ஒயில் தரக் குறியீடு இருக்க வேண்டும். எங்கள் வண்டிகளில் கிளட்ச் அந்த ஒயிலிலேயே நனைந்து ஓடுகிறது. உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஒயிலை ஊற்றினால், பாரம் ஏற்றி ஏறும்போது கிளட்ச் வழுக்கும்.

இறம்பொடைப் பயணி:
எல்லோருடைய பதில்களையும் இரண்டு மூன்று முறை வாசித்தேன். என்னுடைய மல்டிமீற்றரில் வெப்பம் அளக்கும் கம்பி ஒன்று உண்டு. அதன் முனையை ஒயில் வடிக்கும் போல்ட்டில் இறுகக் கட்டி, மேலே காற்றுப் படாதபடி துணியும் டேப்பும் சுற்றி, இந்த வாரம் முழுவதும் அப்படியே ஓடினேன்.

செவ்வாய்க்கிழமை லபுக்கலையில் நின்றபோது 124 பாகை காட்டியது. அன்று மாலை இறங்கிக் கம்பளையில் நிறுத்தியபோது 68. ஒயில் மூடியைத் திறந்தேன். அண்ணன் சொன்ன அதே நிறத்தில், நகத்தால் வழித்தெடுக்கும் அளவுக்குப் பசை இருந்தது. இந்தச் சிறிய கூலரோடேயே இப்படி என்றால், பெரியதோடு என்னவாகும் என்று யோசித்தேன்.

பிறகு கூலரைக் கழற்றாமல், மென்மையான தூரிகையும் சவர்க்காரத் தண்ணீரும் கொண்டு இதழ்களைக் கழுவினேன். கீழ்ப்பாதி முழுவதும் காய்ந்த செம்மண். ஒளி ஊடுருவாத அளவுக்கு அடைந்திருந்தது. வளைந்த இதழ்களை ஊசியால் நிமிர்த்தினேன். வியாழக்கிழமை அதே இடத்தில் 117. நியூட்ரல் ஓரளவு விழுகிறது, ஆனால் லொறிகள் இரண்டு சேர்ந்துவிட்டால் மீண்டும் பழைய கதைதான்.

அப்புத்தளை ஆசிரியர்:
அளந்து பார்த்தீர்களே, மிக்க மகிழ்ச்சி. போல்ட்டின் வெளிப்புறத்தில் 117 என்றால் உள்ளே ஒயில் சில பாகைகள் கூடுதலாகவே இருக்கும். பத்துப் பாகை கூடும்போது ஒயில் ஒட்சியேற்றம் அடையும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே ஏற்றத்தில் உங்களுக்குக் கூடுதல் குளிர்ச்சி தேவை என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

ஆனால் அந்த 68 ஐப் பார்த்தபின், பட்டறை அண்ணனின் எச்சரிக்கை நான் கொடுத்த மதிப்பை விடக் கனமானது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும் என்றாலும், 68 பாகை ஒயிலிலிருந்து ஈரம் மிக மெதுவாகவே வெளியேறும். எனவே பெரிய கூலரை வெறுமனே பூட்ட வேண்டாம். இடையில் 80 பாகைக்கு மேல் திறக்கும் தேர்மோஸ்டாட் ஒன்றைப் போடுங்கள். ஒயில் குளிர்ந்திருக்கும்போது அது கூலரைச் சுற்றிக்கொண்டு நேரே எஞ்சினுக்குத் திரும்பும். ஏற்றத்தில் மட்டும் கூலருக்குள் போகும்.

ஹட்டன் பட்டறை:
தேர்மோஸ்டாட் போட்டால் என் பாதி எதிர்ப்பு நீங்குகிறது. மறுபாதி நீங்கவில்லை. அதைப் போட்டால் இணைப்புகள் இன்னும் கூடுகின்றன, ஒவ்வொரு இணைப்பும் ஒயில் கசியக்கூடிய ஓர் இடம். தம்பி என் உடன்பிறந்தவனாக இருந்தால், கழுவிய பழைய கூலரையே வைத்துக்கொண்டு, ஒயிலை நேரத்துக்கு முன்பே மாற்றி, லொறிக்குப் பின்னால் ஊர்வதற்குப் பதில் தவலந்தென்னையில் கால் மணி நேரம் நின்று தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வேன்.

இறம்பொடைப் பயணி:
அண்ணா, எட்டு மணிக்கு வேலை தொடங்குகிறது. வழியில் நின்றால் கூலி போய்விடும். கூலரும் தேர்மோஸ்டாட்டும் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். பூட்டும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஹட்டன் பட்டறை:
அப்படியென்றால் என்னிடமே கொண்டு வாருங்கள். ஹாண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, முன்போர்க்கை முழுவதும் அமுக்கிப் பார்த்த பிறகே குழாயின் நீளத்தை முடிவு செய்வேன். செப்பு வாஷர்கள் எல்லாம் புதியவையாக இருக்க வேண்டும். கூலரின் வாய்கள் மேல்நோக்கி இருக்கும்படி பூட்டுவோம். கீழ்நோக்கி வைத்தால் உள்ளே காற்று தங்கும். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஒயில் மட்டத்தை மறுபடியும் பார்த்து, கூலரும் குழாய்களும் குடித்த அளவை ஊற்றி நிரப்ப வேண்டும். அந்த வெப்பக் கம்பியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள், இறக்கத்தில் எவ்வளவு காட்டுகிறது என்பதை நானும் பார்க்க வேண்டும்.