வேலூர் டிராஃபிக்கில் மட்டும் சூடேறும் சின்ன கார்: செலவு செய்யலாமா, தள்ளிவிடலாமா?

குடியாத்தத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது பத்து வயதைத் தாண்டிய சின்ன பெட்ரோல் கார். கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடல். பெயரைச் சொன்னால் இழை வேறு சண்டைக்குப் போய்விடும், அதனால் வேண்டாம்.

பள்ளிகொண்டாவில் ஹைவே ஏறி வேலூர் வரும் வரை டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை. ஊருக்குள் நுழைந்து சிஎம்சி பக்கம் ஊர்ந்து போகும்போதுதான் கிடுகிடுவென்று ஏறுகிறது. ஏசியிலும் வெறும் காற்றுதான். பிறகு கொஞ்சம் வேகம் எடுத்தால் தானாக இறங்கிவிடுகிறது. அப்பாவை செக்கப்புக்குக் கூட்டிப்போகிற வண்டி, நடுரோட்டில் நின்றால் சிரமம்.

சர்வீஸ் சென்டரில் ரேடியேட்டர், ஃபேன் செட், ஏசி கம்ப்ரஸர் மூன்றும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கொடுத்தார்கள். வண்டியை இன்று விற்றால் வருகிற பணத்தில் பாதி அதற்கே போய்விடும். "மாடலே நின்னு போச்சு சார், இனிமே பார்ட்ஸ் கஷ்டம், எக்ஸ்சேஞ்ச் பண்ணிடுங்க" என்கிறார் அங்கே இருப்பவர். மூன்றையும் மாற்றத்தான் வேண்டுமா? நிறுத்திய சின்ன காரை கம்பெனி நிஜமாகவே கைகழுவிவிடுமா?

சத்துவாச்சாரி பட்டறை:
தம்பி, அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீங்க. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது, நின்றால் அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஃபேன் சுற்றவில்லை. ஃபேன் இல்லாவிட்டால் ஏசி கேஸ் பிரஷரும் ஏறும், வண்டி தானாகவே கம்ப்ரஸரை கட் பண்ணிவிடும். இரண்டு கோளாறு மாதிரி தெரிவது ஒன்றாகவே இருக்கலாம்.

வீட்டிலேயே பார்க்கலாம். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசி போட்டு, பானட்டைத் திறந்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றியாக வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ். அது சரியாக இருந்தால், ஃபேன் ரிலேவை, அதாவது ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச் பெட்டியை, கழற்றி அதே நம்பர் உள்ள வேறு ரிலேவை மாட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் ஹாரன் ரிலே அப்படியே பொருந்தும். அதற்கும் அசையாவிட்டால் எஞ்சினை ஆஃப் செய்து, கப்ளரை (ஃபேன் மோட்டாரின் வயர் சேரும் பிளக்கை) கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்கு கரண்ட் கொடுத்துப் பார்க்கணும். இதை ஆட்டோ எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மோட்டார் முதுகில் லேசாகத் தட்டியதும் சுற்றினால், மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். தட்டாமலே சுற்றினால் மோட்டார் ஓடுகிறது, கோளாறு பெரும்பாலும் வயரிங்கிலோ சென்சாரிலோ இருக்கும்.

கையை ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீங்க, எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் தொடக்கூடாது. போர் தண்ணீர் மட்டும் ஊற்றவே வேண்டாம். நம்ம பாலாற்றுப் பக்கத் தண்ணீரின் உப்பைப் பற்றித் தெரியாதவர் யார்? உள்ளே படிந்து டியூப் அடைத்துக்கொள்ளும்.

ராணிப்பேட்டை ராஜபாட்டை:
என் கருத்து வேறு. விற்றுவிடுங்கள். இப்போது கம்பெனிகளுக்குக் காசே எஸ்யூவியில்தான். சின்ன காரில் அவர்களுக்கு என்ன நிற்கிறது? லாபம் இல்லாத வண்டிக்கு எதற்காக பார்ட்ஸ் செய்வார்கள்?

பழைய வடாற்காடு:
ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ராணிப்பேட்டைத் தம்பி சொல்வது பாதி சரி. ஒரு சின்ன காரில் நிற்கிற லாபம் குறைவுதான். ஆனால் தொழிற்சாலையில் பெயின்ட் ஷாப், பிரஸ் ஷாப், எஞ்சின் லைன் எல்லாம் நிறைய ஓடினாலும் கொஞ்சம் ஓடினாலும் செலவு பெரிதாகக் குறையாது. அந்தச் சுமையைத் தாங்குவது எண்ணிக்கை. எங்களிடம் ஒரு பாகத்தை லட்சக்கணக்கில் கேட்டால்தான் நாங்கள் விலையை இறக்குவோம், அதே பாகம் பெரிய வண்டியிலும் போய் உட்காரும். எஸ்யூவியில் தெரிகிற லாபத்தில் சின்ன காரின் பங்கும் இருக்கிறது.

மாருதி 800ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1983 டிசம்பரில் வந்தது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அந்த 796 சிசி எஞ்சின் குடும்பம் ஆம்னியிலும் ஆல்டோவிலும் ஓடியது. 800 நின்றதும் அதன் பாகங்களுக்குக் கேட்பார் இல்லாமலா போனது? மாடல் பெயர் போனாலும் பாகங்கள் பல வேறு வண்டிகளில் தொடரும். உங்கள் ஃபேன் மோட்டாரின் பார்ட் நம்பரைக் கொண்டுபோய் ஸ்பேர்ஸ் கடையில் கேளுங்கள், எந்தெந்த வண்டிக்குச் சேரும் என்று அவர்களே சொல்வார்கள்.

லாபம் மெல்லியதாக இருப்பதால்தான் சின்ன கார் பழுதாகாமல் ஓடுவது கம்பெனிக்கு உயிர். வாரண்டியில் ஒரு கியர்பாக்ஸ் மாற்றிக் கொடுத்தால் அந்த வண்டியின் லாபத்தோடு பக்கத்து வண்டிகளின் லாபத்தையும் அது தின்றுவிடும். ஹூண்டாய் 1986ல் அமெரிக்காவுக்கு எக்ஸெல் என்ற சின்ன காரை அனுப்பியது. விலை குறைவு, முதல் வருடமே 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் விற்றது. பிறகு தரம் பற்றிய புகார்கள் குவிந்து பெயர் கெட்டது. அதை மீட்க, 1998ல் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 வருடம் அல்லது 1 லட்சம் மைல் வாரண்டி அறிவிக்க வேண்டியிருந்தது. அதே 1998ல்தான் நாம் சென்னை போகிற வழியில் இருக்கிற இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோவோடு கடை திறந்தார்கள். இந்தியாவில் அவர்களுக்கு அதுதான் முதல் வண்டி. அது சொதப்பியிருந்தால் அடுத்த மாடலை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

முதல் கார் வாங்கும் குடும்பம் அடுத்த காரையும் அங்கேயே எடுக்க வேண்டும் என்பதுதான் கம்பெனியின் கணக்கு. பழைய வண்டிக்கு நல்ல விலை கிடைத்தால்தான் ஜனங்கள் அதைக் கொடுத்துப் புதிது எடுப்பார்கள். பார்ட்ஸ் இல்லை என்ற பேச்சு பரவினால் அந்த விலை விழும். பார்ட்ஸ் விற்பதே நல்ல லாபம் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டீலர் கணக்கு வேறு. அவருக்கு இந்த மாத டார்கெட் இருக்கிறது, எக்ஸ்சேஞ்சில் ஒரு வண்டி நகர்ந்தாக வேண்டும். கம்பெனி பத்து வருடம் யோசிக்கும், அவர் மாதக் கடைசியை யோசிப்பார். அவரைத் தப்பு சொல்லவில்லை, ஆனால் அவர் பேச்சைக் கம்பெனியின் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீங்க.

கம்பெனியே நாட்டை விட்டுப் போனால் கதை கொஞ்சம் மாறும். மறைமலை நகரில் ஃபோர்டு 2022ல் உற்பத்தியை நிறுத்தியது. சர்வீஸும் பார்ட்ஸும் தொடரும் என்று அறிவித்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள், ஆனாலும் வாங்குபவர் மனதில் தயக்கம் வந்துவிடுகிறது. உங்கள் கம்பெனி இங்கேதான் இருக்கிறதா?

குடியாத்தத்தான்:
இருக்கிறது சார், புது மாடல்களும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அண்ணா, நீங்கள் சொன்ன வரிசையில் பார்த்தோம். ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலே மாற்றியும் அசைவில்லை. எலக்ட்ரீஷியன் நேராக கரண்ட் கொடுத்ததும் தட்டாமலே மோட்டார் சுற்றியது. பிறகு கப்ளரைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாக இருக்கிறது. வயரோடு புது கப்ளர் போட்டுவிட்டார். இப்போது ஏசி போட்டதும் ஃபேன் கிளம்புகிறது, கூலிங்கும் வருகிறது. எஸ்டிமேட்டோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை.

சத்துவாச்சாரி பட்டறை:
நல்லது தம்பி. ஆனால் பின் சும்மா உருகாது. லூஸாக இருந்தாலும் உருகும், மோட்டார் இறுகிப்போய் கரண்டை அதிகம் இழுத்தாலும் உருகும். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிகமென்றால் மோட்டார் மட்டும் மாற்றினால் போதும். கூலன்ட் அளவையும் காலையில் வண்டி ஆறியிருக்கும்போது பார்த்துவிட்டு இங்கே போடுங்கள்.

ராணிப்பேட்டை ராஜபாட்டை:
அந்த எலக்ட்ரீஷியன் கடை எங்கே இருக்கு? என் வண்டியிலும் ஏசி இதே கதைதான்.