‘மாயா பஜார்’ டிவிடி: கிரீடத்தில் பாதி எங்கே?

சதுரத்திரை:
நேற்று ‘மாயா பஜார்’ (1957, தமிழ்) டிவிடி ஒன்று வாங்கிப் போட்டேன். உறையில் ‘அகலத்திரை, 5.1 ஒலி’ என்று கொட்டை எழுத்து. ‘கல்யாண சமையல் சாதம்’ வந்தது. ரங்காராவ் வாயைத் திறக்கிறார், லட்டு தானாகப் பறந்து வருகிறது. ஆனால் அவர் கிரீடத்தில் பாதியைக் காணோம், கீழே பாத்திர வரிசையும் இல்லை. லட்டு எங்கிருந்து கிளம்புகிறது என்றே தெரியவில்லை!

இது 1.37க்கு 1 அளவில் (அகலம் உயரத்தைப்போல 1.37 மடங்கு) எடுத்த படம். 16:9 டிவி நிறைய வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் 23 சதவீதம் காலி. ஸ்கோப் (இன்னும் அகலமான சினிமாஸ்கோப்) ஆக்கினால் 42 சதவீதம். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி பார்த்துப் பார்த்து ஒளியமைத்த ஃப்ரேமில் கத்தி வைக்க இவர்கள் யார்? போதாக்குறைக்கு, நான் குறித்து வைத்திருக்கும் ஓட்ட நேரத்தைவிட 7 நிமிடம் குறைவு. எந்தக் காட்சியை முழுங்கினார்களோ.

அம்மாபேட்டைக்காரர்:
தம்பி, என் அம்மாவுக்கு 81 வயது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு படம் வந்தால் “டிவி கெட்டுப்போச்சாடா?” என்று கேட்கிறார். நான் ரிமோட்டில் ஜூம் போட்டுவிடுவேன். அவர் நிம்மதியாகப் பார்ப்பார். தெலுங்கு ‘மாயா பஜாரை’ 2010இல் வண்ணமாக்கி, ஸ்கோப் ஆக்கி, டிடிஎஸ் ஒலியோடு தியேட்டரில் விட்டார்களே, ஜனங்கள் போய்ப் பார்க்கவில்லையா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பழைய படத்தைப் பூட்டி வைத்துக் கற்பூரம் காட்ட வேண்டும் போல.

சதுரத்திரை:
ஜூம் உங்கள் கையில் இருக்கிறது சார். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். டிஸ்க்கிலேயே வெட்டிவிட்டால் நான் எந்தப் பட்டனை அமுக்குவது?

கார்பன்குச்சி:
19 வருடம் தியேட்டரில் புரொஜெக்டர் ஆபரேட்டராக இருந்தவன் என்பதால் உள்ளே வருகிறேன். ஏதோ தியேட்டரில் மட்டும் முழுப் படமும் பார்த்தது போலப் பேசாதீர்கள். ஸ்கோப்புக்காக அகலத்திரை போட்ட பிறகு பல இடங்களில் பழைய படத்துக்கும் புரொஜெக்டரில் மேலும் கீழும் மறைக்கிற அகலத் தகட்டைத்தான் மாட்டினோம். தலை வெட்டும். “ஆபரேட்டர், தல!” என்று தரை டிக்கெட்டிலிருந்து சத்தம் வரும். ஃப்ரேமைத் திருகி இறக்குவோம். இப்போது கால் போய்விடும், அதற்கு யாரும் கத்த மாட்டார்கள்.

ஆனால் ஒலி விஷயத்தில் சதுரத்திரை பக்கம்தான் நான். அந்தக் காலத்து ஒலி என்பது ஃபிலிம் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு. அதன்மேல் சின்ன விளக்கின் வெளிச்சம் விழும், வெளிச்சம் கூடிக் குறைவதுதான் சத்தமாகும். எல்லாம் ஒரே தடம். குரல், தபலா, குழல் அத்தனையும் அதில் பிசைந்து கிடக்கும். அதைப் பிரித்து ஆறு ஸ்பீக்கருக்குப் பங்கு வைக்க முடியாமல், அதே ஒலியைக் கொஞ்சம் எதிரொலி சேர்த்துப் பின்னால் தள்ளிவிட்டு ‘5.1’ என்று எழுதிவிடுகிறார்கள். ரங்காராவ் எதிரே சாப்பிடுகிறார், திருச்சி லோகநாதன் என் முதுகுக்குப் பின்னால் பாடுகிறார். அப்புறம், ‘உஸ்’ சத்தத்தை எடுக்கிறேன் என்று சலங்கையையும் சேர்த்து வழித்துவிடுவார்கள். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் என்ன, பாட்டு இருக்குமே.

ஹார்மோனியம்67:
7 நிமிடத்தை யாரும் முழுங்கவில்லை. உங்கள் டிஸ்க் ‘பால்’ (PAL) என்கிற டிவி முறையாக இருக்கும் (குடிக்கிற பால் இல்லை). ஃபிலிம் நொடிக்கு 24 ஃப்ரேம், ‘பால்’ 25. ஒன்றுக்கு ஒன்றாக ஏற்றினால் படம் 4 சதவீதம் வேகமாக ஓடும். 3 மணி நேரப் படத்தில் 7 நிமிடம் கழியும். சுருதியை இறக்காமல் விட்டிருந்தால் அதுவும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். ‘ஆகா இன்ப நிலாவினிலே’ பாட்டைப் போட்டு ஹார்மோனியத்தில் தொட்டுப் பாருங்கள், அடுத்த கட்டைக்குத் தாவப் பார்க்கும், முழுசாகவும் சேராது. கண்டசாலா ஜலதோஷம் தெளிந்த மாதிரி இருப்பார்.

சதுரத்திரை:
ஆக, வெட்டவில்லை, விரட்டியிருக்கிறார்கள். சரி, அந்தக் குற்றச்சாட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கிரீடத்தை விடமாட்டேன்.

அம்மாபேட்டைக்காரர்:
ஒலியில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் காசு யார் போடுவது? 2012இல் ‘கர்ணனை’ டிஜிட்டலில் புதுப்பித்து விட்டதால்தானே 100 நாள் தாண்டி ஓடியது?

சதுரத்திரை:
ஓடியது சிவாஜிக்காக சார். புதுப்பிப்பதை நான் எதிர்க்கவே இல்லை, கீறலைத் துடையுங்கள், ஆட்டத்தை நிறுத்துங்கள். சத்யஜித் ராயின் அப்பு படங்களின் நெகட்டிவ் 1993இல் லண்டன் லேபில் தீப்பிடித்துக் கருகியது. அதையே இத்தாலியில் ஊறவைத்து, பிரித்து, தேறின பகுதியை 4கே என்கிற மிக நுணுக்கமான தரத்தில் ஸ்கேன் செய்து 2015இல் வெளியிட்டார்கள். கறுப்புப் பட்டையோடுதான்!

அம்மாபேட்டைக்காரர்:
அதற்கு அமெரிக்கக் கம்பெனி பின்னால் நின்றது. இங்கே தேய்ந்த தியேட்டர் பிரிண்ட் கிடைத்தாலே பெரிசு.

நிற்க. இன்று காலை நீங்கள் சொன்னீர்களே என்று லட்டு காட்சிக்கு ஜூமை எடுத்துவிட்டுப் போட்டேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “அட, கீழ இத்தனை அண்டா இருந்துச்சா!” என்றார். நிலாப் பாட்டு வந்ததும், “பெரிசாக்குடா, சாவித்திரி முகமே தெரியல.” மறுபடி ஜூம்.

சதுரத்திரை:
சார், அப்படியானால் உங்கள் டிஸ்க்கில் முழு ஃப்ரேமும் இருக்கிறது! எந்தப் பதிப்பு? விற்பீர்களா?

அம்மாபேட்டைக்காரர்:
அம்மாவைக் கேட்டேன். முடியாதாம்.