சோதனை விமானம்: பழைய பெயின்ட்டைச் சுரண்டலாமா?

கேள்வி:
உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்ட ஒரு பழைய சோதனை ஜெட் எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கிறது. பல வருடம் வெட்டவெளியில் நின்றதால் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது, இறக்கைக்கு அடியில் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து கிடக்கிறது. வேலை செய்கிற ஆறு பேரில் பாதிப்பேர், எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதல்முறை பறந்த நாளில் இருந்த மாதிரி பளபளவென்று ஆக்கிவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கே தொடங்குவது?

பதில் 1:
முதலில் சுரண்டுகிறவர்கள் கையைப் பிடித்து நிறுத்துங்கள். உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் ஈரத்தோடு மெல்லத் தேய்த்தால் பழைய நிறங்கள் ஒவ்வொரு வளையமாகத் தெரியும், அதைப் படம் எடுத்து வையுங்கள். சோதனை விமானத்துக்கு ஒரே நிறம் என்று எதுவும் கிடையாது. அமெரிக்காவின் ராக்கெட் சோதனை விமானமான எக்ஸ்-15ஏ-2-வையே பாருங்கள்: 1967 அக்டோபர் 3 அன்று வெள்ளைப் பூச்சோடு மேக் 6.7 வேகம் (ஒலியைப்போல 6.7 மடங்கு) போய், கருகித் திரும்பியது, இன்று டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் கறுப்புப் பெயின்ட்டோடு நிற்கிறது. எந்த நாளைக் காட்டப்போகிறீர்கள் என்று முடிவாகாமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

பதில் 2:
பெயின்ட் கிடக்கட்டும். ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கையில் வெடிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்தவரை வைத்துப் பார்த்தீர்களா? அதுவரை காக்பிட்டில் யாரும் உட்கார வேண்டாம். இருட்டில் ஒளிரும் பழைய மீட்டர்களில் கதிர்வீச்சு உள்ள ரேடியம் இருக்கலாம். பெயின்ட்டுக்கு அடியில் பூசும் பழைய மஞ்சள்பச்சை ப்ரைமரில் இருப்பது குரோமேட், அந்தத் தூசி நுரையீரலுக்குப் புற்றுநோயைக் கொண்டுவரும். அப்புறம், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசையில் தகடு தலையணை மாதிரி உப்பியிருந்தால் அரிப்பு இரண்டு தகடுகள் சேரும் இடத்துக்குள்ளே போய்விட்டது என்று அர்த்தம், மேலே எத்தனை கோட் அடித்தாலும் அது நிற்காது.

பதில் 3:
பழசை வைத்திருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. இரண்டாம் உலகப்போர்க்கால ஜெர்மன் ஜெட் ஹார்ட்டன் எச்ஓ 229 ரேடாரை ஏமாற்ற, அதன் மரப்பலகைகளை ஒட்டிய பசையில் கரித்தூள் கலந்திருந்தது என்று வடிவமைத்தவரே பின்னாளில் சொன்னார், உலகமும் நம்பியது. அந்த விமானத்தை வைத்திருக்கும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக ஆட்கள் மூல ஒட்டுப்பலகையையே சோதித்துப் பார்த்தார்கள், கரிக்கான தடயம் கிடைக்கவில்லை. அதைப் பிய்த்துப் புதுப்பலகை போட்டிருந்தால் எதை வைத்துச் சோதிப்பது? ஆனாலும் எல்லாவற்றையும் தொடாதே என்றும் சொல்ல மாட்டேன், 1903 ரைட் விமானத்துக்கே 1985-இல் புதுத்துணி போட்டார்கள்.

கேட்டவர்:
சரி, காக்பிட்டைப் பூட்டியாயிற்று. வால் பக்கம் கொஞ்சமாகத் தேய்த்துப் பார்த்தோம், வெள்ளைக்கு அடியில் ஆரஞ்சு, அதற்கும் அடியில் வெறும் தகட்டில் பென்சிலால் யாரோ போட்ட கணக்கு. சுரண்டச் சொன்னவர்களே இப்போது டார்ச்சோடு அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.