போகப்போகிற நட்சத்திர பேட்டரை முன்கூட்டியே கைமாற்றிவிடுவதா, கடைசி நாள்வரை வைத்துக்கொள்வதா?

தராசுக் கிராணி (சுங்கை சிப்புட்)

வணக்கம். எனக்கும் என் மச்சானுக்கும் ஒரு பந்தயம். தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும்.

நான் செம்பனை ஆலையில் லோரிகளை எடை போடும் கிராணி. காலை 7 மணிக்கு முதல் லோரி தராசில் ஏறும். அதே நேரம் அமெரிக்கக் கிழக்குக் கரையில் முந்தின நாள் இரவு 7 மணி, பேஸ்பால் ஆட்டம் தொடங்கும் வேளை. கைப்பேசியை எடைச்சீட்டுக் கட்டின்மேல் சாய்த்து வைத்துப் பார்த்துப் பழகிவிட்டேன். என்னைக் கெடுத்தது 2019-ஆம் ஆண்டு வாஷிங்டன் நேஷனல்ஸ். மே மாதத்தில் 19 வெற்றி, 31 தோல்வி என்று கிடந்த குழு, அக்டோபரில் வோர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரை வென்று கிண்ணத்தைத் தூக்கியது. அன்றிலிருந்து அதுதான் என் குழு. என்ன செய்வது, தலைவிதி.

விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்கில் 6 ஆண்டு சேவை முடித்த ஆட்டக்காரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகலாம். எந்தக் குழு நல்ல சம்பளம் தருகிறதோ அங்கே போகலாம். பழைய குழுவுக்குப் பெரும்பாலும் வெறுங்கைதான். அதனால் அந்த நாள் நெருங்கும்போது, இன்னொரு குழுவுக்கு அவரைக் கொடுத்து, பதிலுக்கு இரண்டு மூன்று இளம் ஆட்டக்காரர்களை வாங்கிக்கொள்வதா என்ற பேச்சு எழும்.

மச்சான் பழைய இரும்பு வியாபாரி. உலகத்தில் எதையும் கிலோ விலையில்தான் பார்ப்பான். "போகப்போகிறவன் என்று தெரிந்த மறுநாளே தள்ளிவிடணும். வைத்திருந்தால் துருதான் மிஞ்சும்" என்கிறான். அவன் எடுத்துக்காட்டு பிரைஸ் ஹார்ப்பர். 2018-இல் நேஷனல்ஸ் அவரைக் கடைசிவரை வைத்துக்கொண்டது. 82 வெற்றி, 80 தோல்வி, பிளேஆஃப் என்ற அடுத்த சுற்று இல்லை. அவர் 13 ஆண்டுக்கு 330 மில்லியன் டாலர் வாங்கிக்கொண்டு பிலடெல்பியாவுக்குப் போனார்.

என் எடுத்துக்காட்டு அதற்கடுத்த ஆண்டு. அந்தோணி ரெண்டோனுக்கும் ஃப்ரீ ஏஜென்ட் ஆகுமுன் அதுதான் கடைசி சீசன். 19-31 என்று கிடந்தபோதே மச்சான் மாதிரி ஒருவர் கையில் குழு இருந்திருந்தால் அவரை அனுப்பியிருப்பார். வைத்துக்கொண்டார்கள். வோர்ல்ட் சீரிஸின் கடைசி ஆட்டமான ஏழாவது ஆட்டத்தில், 2-0 என்று பின்தங்கியிருந்தபோது, ஏழாவது இன்னிங்ஸில் ரெண்டோன் அடித்த ஹோம் ரன்னில்தான் கதை திரும்பியது. கிண்ணம் வந்தது, அவர் போனார். இது நட்டமா?

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்றும் உண்டு. நாங்கள் தோட்டத்தில் இருந்த காலத்தில் அப்பாதான் கால்பந்துக் குழுச் செயலாளர். எங்கள் சென்டர் பார்வர்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டும் வேலையும் லயத்தில் ஓரத்து வீடும் தருவதாகப் பேச்சு முடிந்துவிட்டது. தோட்டங்களுக்கு இடையிலான கிண்ணப் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. "இப்பவே அனுப்புங்க, பதிலுக்கு ரெண்டு பையன்களைத் தர்றோம், ரெண்டும் நல்லா ஓடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா முடியாது என்றுவிட்டார். இறுதி ஆட்டத்தில் 2-1. இரண்டு கோலும் அவர் போட்டது. மறுவாரம் அவர் சாமான்களை எங்கள் தோட்டத்து லோரியே ஏற்றிக்கொண்டு போய் இறக்கியது. அதற்கப்புறம் நாங்கள் முதல் சுற்றைத் தாண்டவில்லை. அந்த இரண்டு பையன்களும் எங்களையே வந்து வெளுத்தார்கள். தோட்டம் இப்போது தாமானாகி, வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. கிண்ணம் எங்கள் வீட்டில் இருக்கிறது, அம்மா அதில் ஊதுபத்தி போட்டு வைத்திருக்கிறார்.

அப்பா செய்தது சரியா, தப்பா? பேஸ்பால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தோற்பவர் பசியாற வாங்கித் தரவேண்டும்.

---

கோலகங்சார் கணக்கன்

அண்ணே, விற்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். விலையை முடிவு செய்வது எப்போது விற்கிறோம் என்பதுதான். ஹுவான் சோட்டோ ஒருவரை மட்டும் பாருங்கள், போதும்.

2022-இல் உங்கள் நேஷனல்ஸ் 15 ஆண்டுக்கு 440 மில்லியன் தருகிறோம் என்றது. அவர் மறுத்தார். ஆகஸ்ட் 2-ஆம் தேதி சான் டியாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஃப்ரீ ஏஜென்சிக்கு அப்போது இரண்டரை சீசன் பாக்கி. அதனால்தான் சி. ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட், அதற்கு மேல் இன்னும் இரண்டு இளைஞர்கள் என்று அள்ள முடிந்தது. முதல் மூவருமே பிறகு லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். 2023 டிசம்பரில் சான் டியாகோ அதே சோட்டோவை யாங்கீஸுக்குக் கொடுத்தது. பாக்கி ஒரே சீசன். மைக்கேல் கிங் என்ற நல்ல பிட்சர், அதாவது பந்து எறிபவர், கிடைத்தார், கூட நான்கு பேர். ஆனால் ஏப்ரம்ஸ், வுட் போன்ற சரக்கு கிடைக்கவில்லை. 2024-இல் யாங்கீஸ் அவரோடு வோர்ல்ட் சீரிஸ் வரை போய் டாட்ஜர்ஸிடம் தோற்றது. சோட்டோ 15 ஆண்டுக்கு 765 மில்லியன் என்று மெட்ஸுக்கு நடந்தார். யாங்கீஸுக்கு, புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு வாய்ப்பு மட்டும். ஒரே ஆள், மூன்று விலை.

இன்னொரு விதியும் இருக்கிறது. போகிற ஆட்டக்காரருக்குப் பழைய குழு ஓராண்டு ஒப்பந்தம் ஒன்றை முன்வைக்கலாம். 2024-இல் அதன் தொகை 21.05 மில்லியன். அவர் அதை மறுத்துவிட்டு வேறு குழுவில் சேர்ந்தால், ஈடாக டிராஃப்டில் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். ஆனால் சீசன் முழுவதும் அந்தக் குழுவிலேயே இருந்தவருக்குத்தான் இப்படிக் கேட்க முடியும். ஜூலை கடைசியில் வாங்குகிறவருக்கு அந்த ஈடும் கிடையாது, அதனால் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். பால்டிமோர் 2018 ஜூலையில் மேனி மச்சாடோவைக் கொடுத்து ஐந்து பேரை வாங்கியது. பால்டிமோரில் உருப்படியாக நிலைத்தவர் டீன் கிரீமர் ஒருவர்தான்.

ஆக, இரண்டு ஆண்டு இருக்கும்போது விற்கலாம். இரண்டு மாதம் இருக்கும்போது விற்பது, ஏலத்தில் கடைசி மீனை விற்கிற மாதிரி.

ஏஞ்சல்ஸ் குழுவின் நட்சத்திரம் ஓட்டானியை யாரும் மறக்கவேண்டாம். 2023 ஜூலையில் ஏஞ்சல்ஸ் அவரை விற்கவில்லை. அது போதாதென்று கையில் இருந்த இளைஞர்களைக் கொடுத்து லூகஸ் ஜியோலிட்டோவை வாங்கிப் போட்டது. ஆகஸ்டில் வரிசையாகத் தோல்வி, ஓட்டானியின் முழங்கையில் காயம், கடைசியில் 73 வெற்றி, 89 தோல்வி. டிசம்பரில் 10 ஆண்டுக்கு 700 மில்லியன் வாங்கிக்கொண்டு அதே ஊர்ப் பக்கம் டாட்ஜர்ஸுக்குப் போய்விட்டார். ஓட்டானியை வைத்திருந்ததற்கு ஏஞ்சல்ஸ் வீட்டுக்கு ஊதுபத்தி போடக்கூடக் கிண்ணம் வரவில்லை, அண்ணே.

---

ஓய்வுபெற்ற டீச்சர் (தாப்பா)

இருபது ஆண்டுக்கு மேல் இடைநிலைப்பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுத்தவள் நான். நீங்கள் இருவரும் ஆளுக்கொரு தராசோடு வந்திருக்கிறீர்கள், தம்பி. "சரக்கு", "துரு", "கடைசி மீன்". தோட்டத்தில் பிறந்தவளுக்கு, ஆளை இப்படிக் கைமாற்றிப் பேசினால் கொஞ்சம் உறுத்தும்.

இந்த ஃப்ரீ ஏஜென்சி சும்மா வரவில்லை. 1969-இல் செயின்ட் லூயிஸ் குழு கர்ட் ஃப்ளட் என்பவரைப் பிலடெல்பியாவுக்குக் கைமாற்றியது. போகமாட்டேன் என்றார். தான் வாங்கி விற்கிற பொருள் இல்லை என்று பேஸ்பால் ஆணையருக்கே கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1972-இல் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே, 1971-இல், முடிந்துவிட்டது. 1975-இல் வேறு இரண்டு பிட்சர்களின் வழக்கில் தகராறு தீர்க்கும் நடுவர் சொன்ன தீர்ப்பில்தான் கதவு திறந்தது. இன்று 765 மில்லியன் வாங்குகிறவர்கள் அவர் பெயரைத் தெரிந்துவைத்திருந்தால் நல்லது.

சரி, கேள்விக்கு வருகிறேன். "எப்படியும் போய்விடுவான்" என்று நீங்கள் முதலிலேயே முடிவு கட்டிவிடுகிறீர்கள். மூக்கி பெட்ஸ் விஷயத்தில் என்ன நடந்தது? 2018-இல் பாஸ்டனுக்குக் கிண்ணம் வாங்கித் தந்தவர். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். கடைசி சீசன் வருகிறது என்று 2020 பிப்ரவரியில் டாட்ஜர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜூலையில் அதே டாட்ஜர்ஸுடன் 12 ஆண்டுக்கு 365 மில்லியன் என்று கையெழுத்துப் போட்டார், ஃப்ரீ ஏஜென்சி வரை காத்திருக்கவே இல்லை. நல்ல சம்பளம் கொடுத்த இடத்தில் நின்றுவிட்டார், அவ்வளவுதான். பாஸ்டன் பணம் இல்லாத குழுவா?

பதிலுக்கு வந்த மூவரில் ஜீட்டர் டவுன்ஸ் சில ஆட்டங்களோடு சரி. வெர்டூகோ நான்கு சீசன் ஆடிவிட்டுப் போனார். கானர் வோங் கேட்சராக நின்றார். பாஸ்டன் 2020, 2022, 2023 மூன்று ஆண்டும் தன் பிரிவில் கடைசி இடம். பெட்ஸ் டாட்ஜர்ஸோடு 2020, 2024, 2025 என்று மூன்று கிண்ணம் வாங்கிவிட்டார்.

பிள்ளைகள் ஒரு ஆட்டக்காரரைப் பார்த்துத்தான் மட்டையைத் தொடுகிறார்கள். இளம் ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்து யாரும் திடலுக்கு வரமாட்டார்கள்.

---

குட்டி (ஈப்போ)

யாங்கீஸ் பேட்டர் ஆரன் ஜட்ஜை மறந்துட்டீங்களே. 2022-இல் 213.5 மில்லியன் வேண்டாம்னு சொல்லிட்டு ஆடப் போனார். யாங்கீஸ் விற்கல. 62 ஹோம் ரன் அடிச்சார். 360 மில்லியன் கொடுத்து வைத்துக்கிட்டாங்க. காசு இருக்கிற தவுக்கேவுக்கு, அதான் முதலாளிக்கு, இந்தக் கேள்வியே வராது.

---

தராசுக் கிராணி (சுங்கை சிப்புட்)

டீச்சர், வணக்கம். என் மகளும் இப்போது பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். அவளிடம் கேட்டேன், உங்கள் பக்கம்தான் நிற்கிறாள். ஆனால் 440 மில்லியனை வேண்டாம் என்றவரை எப்படிப் பிடித்துவைப்பது?

கோலகங்சார் தம்பி, நீங்கள் சொல்வது கணக்கில் சரியாக வருகிறது. எனக்கு இடிப்பது ஒன்றுதான். சோட்டோவைக் கொடுத்து வாங்கியது மறுநடவு மாதிரி. பழைய மரத்தைச் சாய்த்துக் கன்று வைத்தாயிற்று. செம்பனையே மூன்றாம் வருடம் குலை தள்ளும். 2022-இல் நட்டது, 2025-இல் என்ன? 66 வெற்றி, 96 தோல்வி! ஜூலையிலேயே மேனேஜரையும் குழுவை நடத்தியவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கன்று மூன்றும் பிடித்தும் காடு ஏன் இப்படிக் கிடக்கிறது?

---

பழைய கண்டக்டர் (தெலுக் இந்தான்)

மறுநடவு என்றதும் உள்ளே வந்துவிட்டேன். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டராக வெளிக்காட்டில் 31 வருடம் வேலை.

கிராணி, மூன்று கன்று பிடித்தால் மூன்று மரம்தான். ஒரு ஹெக்டேருக்கே நூறு மரத்துக்கு மேல் வேண்டும். மற்றக் குழிகளில் என்ன வைத்தார்கள்? உரம் போட்டார்களா? நட்சத்திரத்தை விற்றுவிட்டு, அந்தக் காசையும் பெட்டியில் பூட்டி வைத்தால் மூன்றாம் வருடம் லாலான் புல்தான் வரும். எங்கள் பழைய துரை ஒருவரும் அப்படித்தான். நாற்று முதல் தரம், உரக் கணக்கில் மட்டும் கஞ்சத்தனம்.

உருப்பட்ட மறுநடவு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் செய்தது. 2007 ஜூலையில் மார்க் டெஷேராவுக்கு ஒன்றரை சீசன் இருக்கும்போது அட்லாண்டாவுக்குக் கொடுத்தார்கள். எல்விஸ் ஆண்ட்ரஸ், நெஃப்டாலி ஃபெலிஸ், மேட் ஹாரிசன் வந்தார்கள், கூட இன்னும் இருவர். 2010-இல் அந்த ஃபெலிஸ்தான் அலெக்ஸ் ரொட்ரிகஸை ஸ்டிரைக் அவுட் செய்து யாங்கீஸை வெளியேற்றினார், ரேஞ்சர்ஸ் முதன்முதலாக வோர்ல்ட் சீரிஸுக்குப் போனது. 2011-இல் மறுபடியும் போனது. இரண்டு தடவையும் தோற்றது, அது வேறு கதை. ஆனால் அவர்கள் கன்றை நட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஜோஷ் ஹாமில்டனை வாங்கினார்கள், 2010-இல் கிளிஃப் லீயை வாங்கினார்கள்.

உங்கள் அப்பா விஷயம். தோட்டம் தாமானாகப் போகிறது என்று அவருக்குக் கொஞ்சமாவது தெரிந்திருந்தால், கன்று வாங்காமல் கிண்ணத்தை வாங்கியதுதான் சரி. வெட்டப்போகிற பால்மரத்தில் கடைசி வருடங்களில் நாங்கள் கணக்குப் பார்க்காமல் சீவுவோம். காடு நிற்கப்போவதில்லை என்றால் பட்டையைச் சேமித்து யாருக்கு?

---

தராசுக் கிராணி (சுங்கை சிப்புட்)

ஐயா, அம்மாவிடம் கேட்டேன். அப்பாவுக்குத் தெரியுமாம். அந்த வருடமே நிலத்தை அளக்க ஆள் வந்து போயிருக்கிறார்கள். வீட்டில் மட்டும் சொல்லியிருக்கிறார், குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருடம் நானும் அவரை வீம்பு பிடித்த மனுஷன் என்றுதான் நினைத்திருந்தேன்.

மச்சானுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சோட்டோ கணக்கில் அவன் ஜெயித்தான், ரெண்டோன் கணக்கில் நான். ரெண்டோன் அப்புறம் ஏஞ்சல்ஸில் 245 மில்லியன் வாங்கிக்கொண்டு ஒரு சீசனில்கூட 60 ஆட்டம் ஆடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சில பேரைப் போகவிடுவதே லாபம் என்பதற்கு அது என் துருப்புச் சீட்டு. கேட்டுவிட்டு, "அப்போ அவனை 2019-லேயே வித்திருக்கணும்" என்கிறான். இவனிடம் என்ன பேசுவது?

ரொட்டி சானாய் என் காசு, தே தாரிக் அவன் காசு என்று முடிவாகியிருக்கிறது. டீச்சர், உங்கள் பெட்ஸ் கதைக்கு மட்டும் அவனிடம் பதில் இல்லை. அதற்காக ஒரு முட்டை ரொட்டியைக் கூடுதலாக அவன் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டேன்.