விண்டோஸ் 10: கேபி5034441 ஏறவே மாட்டேங்குது, 80070643 எரர். ரிக்கவரி பார்ட்டிஷனை பெருசாக்கித்தான் ஆகணுமா?

பிரஸ்_தம்பி | பிப்ரவரி 2024

வணக்கம். எங்க ஆஃப்செட் பிரஸ்ல ஒரு லேப்டாப், விண்டோஸ் 10 ஹோம், 22எச்2. பில்லிங்கும் கல்யாண பத்திரிகை டிசைனும் எல்லாம் அதுலதான் ஓடுது. ஜனவரி அப்டேட்ல மத்ததெல்லாம் ஏறிடுச்சு, கேபி5034441னு ஒண்ணு மட்டும் டவுன்லோட் ஆகுது, இன்ஸ்டாலிங்னு கொஞ்ச நேரம் ஓடுது, அப்புறம் 0எக்ஸ்80070643னு எரர் காட்டி நிக்குது, ரீட்ரை குடுத்தாலும் அதேதான்.

ட்ரபிள்ஷூட்டர் ஓட்டிப் பாத்தாச்சு, சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரை பேர் மாத்தி வச்சுப் பாத்தாச்சு, எஸ்எஃப்சி ஸ்கேன்ல ஒரு குறையும் இல்லன்னு வருது, டிஸ்ம் ரீஸ்டோர்ஹெல்த்தும் சக்சஸ்னுதான் சொல்லுது. பக்கத்து கடையில கேட்டா ஃபார்மட் அடிச்சுடலாம்ங்கிறாங்க. சீசன் நேரம், ஃபான்ட், பிளேட் சாஃப்ட்வேர், டாங்கிள் டிரைவர் எல்லாத்தையும் திரும்ப போட்டு உக்கார முடியாது.

நெட்ல தேடுனா ரிக்கவரி பார்ட்டிஷன் சின்னதா இருக்கு, அதை டெலீட் பண்ணி பெருசா போடுன்னு வருது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பாத்தா ரிக்கவரின்னு ரெண்டு இருக்கு, சி டிரைவுக்கு அடுத்தாப்ல 508 எம்பி, கடைசியில 12 ஜிபி சில்லறை. எதைத் தொடணும், தொடலாமா கூடாதான்னே புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நைட்ஷிஃப்ட்_அட்மின்

தம்பி, ஃபார்மட் எல்லாம் வேண்டாம், உங்க விண்டோஸ் நல்லாத்தான் இருக்கு. நீங்க பண்ணுன எஸ்எஃப்சி, டிஸ்ம் எல்லாம் சிஸ்டம் ஃபைல் கெட்டுப்போனா பண்றது, இங்க எதுவும் கெட்டுப்போகல, இடம் பத்தல, அவ்வளவுதான். 80070643ங்கிறது இன்ஸ்டால் தோத்துப்போச்சுன்னு சொல்ற பொதுவான கோடு, டாட்நெட் அப்டேட்டுக்கும் வரும் டிஃபெண்டர் அப்டேட்டுக்கும் வரும், அதனால எரர் நம்பரை வச்சு தேடாம கேபி நம்பரை வச்சு தேடணும். உண்மையில இடம் இல்லன்னு சொல்ற எரரே வேற, ஆனா இந்த அப்டேட் அந்த கோடுக்கு பதிலா இதைக் காட்டுதுன்னு மைக்ரோசாஃப்டே ஒத்துக்கிட்டாங்க, அதனாலதான் இத்தனை பேர் சம்பந்தமில்லாத வைத்தியம் பண்ணிட்டு இருக்காங்க.

விஷயம் என்னன்னா, மெஷின் பூட் ஆகலைன்னா நீல ஸ்கிரீன்ல ஸ்டார்ட்அப் ரிப்பேர், ரீசெட் திஸ் பிசின்னு வருதுல்ல, அது தனியா ஒரு குட்டி விண்டோஸ், பேரு வின்ஆர்இ. அது வின்ஆர்இ டாட் விம்னு ஒரே ஃபைலா அந்த சின்ன ரிக்கவரி பார்ட்டிஷன்ல உக்காந்திருக்கும். பிட்லாக்கர், அதாவது டிஸ்கையே பூட்டி வைக்கிற விண்டோஸ் என்க்ரிப்ஷன், போட்ட லேப்டாப்பை கையில வச்சிருக்கிற ஒருத்தன் இந்த ரிக்கவரி வழியா உள்ள போய் என்க்ரிப்ஷனைத் தாண்டிடலாம்னு ஒரு ஓட்டை இருந்துச்சு, அதோட பதிவு நம்பர் சிவிஇ-2024-20666. அதை அடைக்கத்தான் ஜனவரி 9ஆம் தேதி இந்த அப்டேட்டை விட்டாங்க. இது அந்த குட்டி விண்டோஸையே புதுசாக்குது, அதுக்கு ரிக்கவரி பார்ட்டிஷன்ல 250 எம்பி காலியா இருக்கணும். 508 எம்பி பார்ட்டிஷன்ல வின்ஆர்இ ஃபைலே பெரும்பகுதியை புடிச்சிருக்கும், எங்க இருந்து 250 கிடைக்கும்.

நீங்க முதல்ல ரெண்டு விஷயம் பாத்து சொல்லுங்க. அட்மினா கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ரீஏஜென்ட்சி /இன்ஃபோன்னு, வின்ஆர்இ நிலைமையைக் காட்டுற கமாண்டை, குடுத்தா என்ன வருது. அப்புறம் செட்டிங்ஸ்ல டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன்ல இருக்கா.

நெல்லை_சர்வீஸ்

அட்மின் சார் சொல்றது சரி, ஆனா நான் வேற மாதிரி சொல்லுவேன். எங்கிட்ட வர்ற மெஷின்ல பாதிக்கு மேல பிட்லாக்கரே கிடையாது. என்க்ரிப்ஷனே இல்லாத மெஷின்ல டிஸ்கை கழட்டி வேற பிசியில மாட்டுனாலே எல்லாம் தெரியும், அதுல இந்த ஓட்டையை அடைச்சு என்ன ஆகப்போகுது. மைக்ரோசாஃப்டோட ஷோ ஆர் ஹைட் அப்டேட்ஸ் டூல் இருக்கு, அதுல இந்த கேபியை ஹைட் பண்ணிடுங்க, மத்த அப்டேட் வழக்கம்போல வரும். தொழில் நடக்கிற மெஷின்ல டிஸ்க்பார்ட்ல, அதான் பார்ட்டிஷனை மாத்துற கமாண்ட் டூல்ல, கை வைக்க வேண்டாம்ங்கிறது என் கருத்து.

நைட்ஷிஃப்ட்_அட்மின்

நெல்லை சார், என்க்ரிப்ஷன் இல்லைன்னா நீங்க சொல்றதுதான் சரி, அதான் அதை பாக்க சொன்னேன். ஆனா ஹோம் எடிஷன்ல பிட்லாக்கர் இல்லன்னு நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க, புது லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணதுமே டிவைஸ் என்க்ரிப்ஷன்ங்கிற பேர்ல அதே பிட்லாக்கர் தானா ஆன் ஆகிடுற மாடல் நிறைய இருக்கு, ஓனருக்கே தெரியாது. அந்த மாதிரி மெஷின்னா இதை விட்டுவைக்க எனக்கு மனசு வராது, பிரஸ் லேப்டாப்ல கஸ்டமர் போன் நம்பர், ஜிஎஸ்டி விவரம் எல்லாம் இருக்கும்.

பிரஸ்_தம்பி

அண்ணா பாத்துட்டேன். டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன்லதான் இருக்கு, நான் இதைத் தொட்டதே கிடையாது. ரீஏஜென்ட்சி குடுத்தா வின்ஆர்இ ஸ்டேட்டஸ் எனேபிள்டுன்னும் லொகேஷன்ல ஹார்டுடிஸ்க்0, பார்ட்டிஷன்4னும் வருது. நாலாவதுன்னா அந்த 508 எம்பி தானே? அப்ப 12 ஜிபி என்னது? பண்ணிடலாம்னு இருக்கேன், ஞாயித்துக்கிழமை பிரஸ் லீவு. வரிசையா சொல்லுங்க.

நைட்ஷிஃப்ட்_அட்மின்

அந்த 12 ஜிபி லேப்டாப் கம்பெனிக்காரன் வச்ச ஃபேக்டரி இமேஜா இருக்கும், அதைத் தொடவே கூடாது. டிஸ்க்பார்ட்ல ரெண்டுமே ரிக்கவரின்னுதான் காட்டும், அதனால பேரைப் பாக்காதீங்க, ரீஏஜென்ட்சி சொன்ன நம்பரும் சைஸும் ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாருங்க.

நான் மொபைல்ல தமிழ் கீபோர்டுல அடிக்கிறேன், கமாண்டை எல்லாம் மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்ல கேபி5028997ங்கிற பக்கத்துல இருந்து காப்பி பண்ணிக்கோங்க. வரிசையும் எங்க கவனமா இருக்கணும்ங்கிறதையும் மட்டும் சொல்றேன்.

முதல்ல பேக்கப். வேலை ஃபைல் எல்லாத்தையும் வெளி ஹார்டுடிஸ்க்ல போட்டுட்டு அந்த ஹார்டுடிஸ்கை கழட்டிடுங்க, பென்டிரைவும் இருக்கக்கூடாது, டிஸ்க் நம்பர் மாறி வேற டிஸ்க்ல கை வச்சுடக்கூடாது. சார்ஜர் மாட்டியிருக்கட்டும். அடுத்து ரிக்கவரி கீ, பூட்டுன டிஸ்கைத் திறக்க பிட்லாக்கர் கேக்குற நம்பர், உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் 48 இலக்க நம்பரை எடுத்து பேப்பர்ல எழுதி வைங்க, லேப்டாப் உள்ளயே சேவ் பண்ணி வச்சா பிரயோஜனம் இல்ல. மேனேஜ்-பிடிஇ கமாண்டுல சி டிரைவோட புரொடெக்டரை தற்காலிகமா டிஸேபிள் பண்ணுங்க, டேட்டா அப்படியேதான் என்க்ரிப்ட் ஆகியிருக்கும், பூட் ஆகும்போது கீ கேட்காது, அவ்வளவுதான்.

இப்ப ரீஏஜென்ட்சி /டிஸேபிள். இதுதான் ரொம்ப முக்கியமான இடம். இது வின்ஆர்இ ஃபைலை பார்ட்டிஷன்ல இருந்து எடுத்து சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, ரிக்கவரி ஃபோல்டருக்கு கொண்டு வந்துடும். உண்மையிலேயே வந்துச்சான்னு டிர் /ஏ குடுத்து கண்ணால பாருங்க, ஹிடன் ஃபைல்ங்கிறதால சாதாரணமா தெரியாது. வின்ஆர்இ டாட் விம் அங்க இல்லைன்னா அதோட நிறுத்திட்டு இங்க வந்து சொல்லுங்க, ஏன்னா அடுத்து நாம அழிக்கப்போற பார்ட்டிஷன்லதான் அதோட ஒரே காப்பி இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் பக்கத்துல இந்த செக் இல்ல, பண்ணாம விட்டவங்கதான் ரிக்கவரியே இல்லாம போயிட்டு வந்து நிக்கிறாங்க.

ஃபைல் இருந்தா டிஸ்க்பார்ட். லிஸ்ட் டிஸ்க் குடுத்தா ஜிபிடிங்கிற தலைப்புக்கு கீழ நட்சத்திரக் குறி இருக்கும், ஜிபிடி, எம்பிஆர்ங்கிறது டிஸ்கைப் பிரிக்கிற ரெண்டு முறை, அதை ஞாபகம் வச்சுக்கோங்க. டிஸ்க் 0 செலக்ட், சி டிரைவ் பார்ட்டிஷனை செலக்ட், ஷ்ரிங்க் டிஸையர்டு 250 மினிமம் 250, அதாவது சி-யை 250 எம்பி சுருக்குறது. இங்க எரர் வந்தா நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ கடைசியில உக்காந்திருக்குன்னு அர்த்தம், ஹைபர்னேஷனை ஆஃப் பண்ணிட்டு பேஜ்ஃபைலையும் தற்காலிகமா எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணா பெரும்பாலும் சரியாகிடும்.

அப்புறம் 508 எம்பியை செலக்ட் பண்ணுங்க. டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடுன்னு அடிக்கிறதுக்கு முன்னாடி லிஸ்ட் பார்ட்டிஷன் இன்னொரு தடவை குடுங்க, செலக்ட் ஆனதுக்கு முன்னாடி நட்சத்திரம் இருக்கும், அது 508 மேல நிக்குதான்னு பாத்துட்டு அடிங்க. இந்த கமாண்ட் உறுதியான்னு கேக்காது.

புதுசா கிரியேட் பண்ணும்போது ஜிபிடிக்கு ஒரு நீளமான ஐடி இருக்கு, அதை கையால டைப் பண்ணாதீங்க, காப்பி பேஸ்ட். பழைய எம்பிஆர் டிஸ்க்னா ஐடி 27 மட்டும்தான், உங்களுக்கு அது வேண்டாம். ஃபார்மட் பண்ணிட்டு ஜிபிடி ஆட்ரிபியூட்ஸ் லைனையும் விட்டுடாதீங்க, அது போட்டாத்தான் விண்டோஸ் அதுக்கு டிரைவ் லெட்டர் குடுக்காம இருக்கும். எக்ஸிட் பண்ணிட்டு ரீஏஜென்ட்சி /எனேபிள், அப்புறம் /இன்ஃபோ. எனேபிள்டுன்னு வந்து லொகேஷன்ல புது பார்ட்டிஷன் நம்பர் இருந்தா முடிஞ்சது.

டி_டிரைவ்_ஓனர்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும் சார், எனக்கும் அதே எரர்தான், ஆனா வாங்கும்போதே கடையில சி, டின்னு பிரிச்சுக் குடுத்தாங்க. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல சி, அடுத்து டி, அதுக்கு அப்புறம்தான் ரிக்கவரி இருக்கு. சி-யை ஷ்ரிங்க் பண்ணா ரிக்கவரிக்கு எப்படி இடம் போகும்?

நைட்ஷிஃப்ட்_அட்மின்

போகாதுங்க. அந்த 250 எம்பி சி-க்கும் டி-க்கும் நடுவுல விழுந்துடும், ரிக்கவரி பார்ட்டிஷன் பழைய சைஸ்லயேதான் வரும். உங்களுக்கு டி-யை செலக்ட் பண்ணி ஷ்ரிங்க் பண்ணணும், மீதி வரிசை அப்படியேதான். எந்த டிரைவ் ரிக்கவரிக்கு உடனே முன்னாடி இருக்கோ அதுல இருந்துதான் இடம் எடுக்கணும். நம்ம ஊர்ல கடைக்காரங்க டி பிரிச்சுக் குடுக்கிறது வழக்கம், சி-யை ஷ்ரிங்க் பண்ற வழி மட்டும்தான் அந்தப் பக்கத்துல இருக்கு, அதனால நல்ல கேள்வி கேட்டீங்க.

சிலருக்கு ரிக்கவரி டிஸ்கோட முன்பக்கத்துல, சி-க்கும் முன்னாடி இருக்கும், பழைய விண்டோஸ் 10 வெர்ஷன் அப்படித்தான் போட்டுச்சு, 2004 வெர்ஷன்ல இருந்துதான் பின்னாடி போடுது. அவங்க இதை அப்படியே பண்ண வேண்டாம், தனியா கேளுங்க.

பிரஸ்_தம்பி

அண்ணா ரொம்ப ரொம்ப நன்றி, அப்டேட் ஏறிடுச்சு. ஷ்ரிங்க் முதல்ல எரர் காட்டுச்சு, ஹைபர்னேஷன் ஆஃப் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணி பண்ணேன், போயிடுச்சு. வின்ஆர்இ ஃபைல் ரிக்கவரி ஃபோல்டருக்கு வந்துச்சான்னு பாத்துட்டுத்தான் டெலீட் பண்ணேன். இப்ப ரிக்கவரி 758 எம்பி காட்டுது, 12 ஜிபியை தொடல. ஷிஃப்ட் புடிச்சுக்கிட்டு ரீஸ்டார்ட் குடுத்து நீல ஸ்கிரீன் வருதான்னும் பாத்துட்டேன், வருது. பிட்லாக்கர் தானா திரும்ப ஆன் ஆகியிருக்கு. அந்த 48 நம்பரை பில் புக்குக்கு பின்னாடி எழுதி அப்பாகிட்ட குடுத்திருக்கேன்.

நெல்லை_சர்வீஸ்

பில் புக்குல வேண்டாம் தம்பி, அது எல்லார் கையிலயும் போகும். பீரோவுல வைங்க.

ஐஎஸ்ஓ_தேடுறவன் | ஜூன் 2024

சார் இந்தத் திரியைப் பாத்துதான் பண்ணேன். ரீஏஜென்ட்சி டிஸேபிள்டுன்னே வருது, எனேபிள் பண்ணா வின்ஆர்இ இமேஜ் கிடைக்கலன்னு சொல்லுது, ஃபோல்டர்லயும் இல்ல. பார்ட்டிஷனை இன்னும் அழிக்கல.

நைட்ஷிஃப்ட்_அட்மின்

நிறுத்துனது நல்லதாப் போச்சு. உங்க விண்டோஸ் வெர்ஷனோட அதே ஐஎஸ்ஓவை மைக்ரோசாஃப்ட் சைட்ல இறக்குங்க, சோர்சஸ் ஃபோல்டர்ல இன்ஸ்டால் டாட் விம் இருக்கும், அதை 7-ஜிப்ல திறந்தா உள்ள 1, 2ன்னு எடிஷன் வாரியா ஃபோல்டர். ஒண்ணுக்குள்ள விண்டோஸ், சிஸ்டம்32, ரிக்கவரி போனா வின்ஆர்இ டாட் விம் கிடைக்கும். அதை சி டிரைவ்ல அதே இடத்துல போட்டுட்டு எனேபிள் குடுங்க. மீடியா கிரியேஷன் டூல்ல எடுத்தா இன்ஸ்டால் டாட் இஎஸ்டியா வரும், ஐஎஸ்ஓவா இறக்குறது சுலபம்.

நைட்ஷிஃப்ட்_அட்மின் | நவம்பர் 2025

தேடி வர்றவங்க இன்னும் இதைப் படிக்கிறாங்கன்னு தெரியுது, அதனால இப்ப நிலைமை என்னன்னு சொல்லிடுறேன். இதுக்கு தானா ஒரு சரிசெய்தல் வராது, கையாலதான் பண்ணணும்னு 2024லயே மைக்ரோசாஃப்ட் சொல்லிட்டாங்க. அந்த வருஷம் ஆகஸ்ட்ல கேபி5034441க்கு பதிலா கேபி5042320 வந்துச்சு, இடம் பத்தாத மெஷினுக்கு அதை காட்டவே மாட்டாங்க. அதனால எரர் வரலைங்கிறதை வச்சு ரிக்கவரி புதுசாகிடுச்சுன்னு நினைக்காதீங்க, பார்ட்டிஷன் சைஸைப் பாருங்க.

விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது, வீட்டு உபயோகக்காரங்க இஎஸ்யூங்கிற நீட்டிப்பு திட்டத்துல சேந்தா 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும். விண்டோஸ் 11க்கு போகும்போது சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை அப்டேட் பண்ண முடியலன்னு வந்தா அது இது இல்ல, அது டிஸ்கோட முன்பக்கத்துல பூட் ஃபைல் இருக்கிற 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன் நிறைஞ்சது, அதுக்கு ரிக்கவரியை பெருசாக்கி பிரயோஜனம் இல்ல.

விண்டோஸ் 11 24எச்2, 25எச்2 வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. அதே அக்டோபர் 14 அப்டேட், கேபி5066835, போட்டதுக்கு அப்புறம் ரிக்கவரி ஸ்கிரீன்ல யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாம போச்சு, விண்டோஸ் உள்ள நல்லாவே ஓடும், ரிக்கவரிக்குள்ள போனா மட்டும் ஒண்ணையும் கிளிக் பண்ண முடியாது. 20ஆம் தேதி கேபி5070773ல சரி பண்ணிட்டாங்க. அக்டோபர்ல அப்டேட்டை தற்காலிகமா நிறுத்தி வச்சவங்க அதுக்கு அப்புறம் வந்த ஏதாவது ஒரு அப்டேட் ஏறியிருக்கான்னு பாத்துட்டு, ஷிஃப்ட்-ரீஸ்டார்ட் குடுத்து உள்ள போய் மவுஸ் நகருதான்னு பாத்துடுங்க.