அப்சிந்தைக் கொளுத்திக் குடிப்பவர்கள் கவனத்துக்கு

வள்ளி_நொய்சாத்தெல்:
'வெளிநாட்டுச் சரக்கு' இழையில் பிராக் பாண்டி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அவர் எழுதியது இதுதான்: "சர்க்கரையைக் கொளுத்தாமல் குடித்தால் அது அப்சிந்தே இல்லை. தண்ணீர் விட்டதும் பால் மாதிரி வெளுப்பது சுவிஸ்காரனின் சோம்புத் தண்ணி." இதற்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு.

நான் இருப்பது சுவிட்சர்லாந்தின் நொய்சாத்தெல். சோம்பு மாதிரி மணக்கும் அனிஸ் விதையும் கசப்புச் செடியும் போட்டு வடிக்கும் சாராயம்தான் அப்சிந்த். அது பிறந்த வால் த திராவெர் பள்ளத்தாக்கு இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. அங்கே கூவே என்ற ஊரில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதை மருந்தாக வடித்தார்கள். துபியே என்ற மேஜர் 1797இல் செய்முறையை வாங்கினார். அவருடைய மருமகன் ஆன்ரி லூயி பெர்னோ 1805இல் எல்லை தாண்டி பிரான்சின் பொந்தார்லியேவில் ஆலை வைத்தார். அதற்குப் பிறகு 1915இல் பிரான்ஸ் தடை போடும் வரை கோடிக்கணக்கான கிளாஸ் குடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து விளம்பரப் படங்களை எடுத்துப் பாருங்கள். ஓட்டைக் கரண்டி இருக்கும், சர்க்கரைக் கட்டி இருக்கும், குழாய் வைத்த தண்ணீர்க் கண்ணாடி இருக்கும். தீக்குச்சி இருக்காது. பாண்டி ஒரே ஒரு படம் காட்டட்டும்.

பிராக்_பாண்டி:
அக்கா, என் பெயரைப் போட்டுத் தனி இழையே திறந்துவிட்டீர்கள், நன்றி. நான் பிராகில் படித்தவன். அங்கே எந்த பாரில் கேட்டாலும் கரண்டியில் சர்க்கரை, சரக்கில் ஒரு முக்கு, அப்புறம் நெருப்பு. பார்க்காரன் தினமும் செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். நீங்கள் போஸ்டர் பார்த்து எழுதுகிறீர்கள். நெருப்பு இல்லாமல் அப்சிந்த் இல்லை.

வள்ளி_நொய்சாத்தெல்:
எந்த வருடத்திலிருந்து செய்கிறார்கள் என்று அந்தப் பார்க்காரனைக் கேட்டீர்களா தம்பி? செக் நாட்டில் ராடோமில் ஹில் மறுபடி 'அப்சிந்த்' என்று போத்தலில் போட்டு விற்க ஆரம்பித்தது 1990இல். கொளுத்தும் வேடிக்கை அதற்குப் பிறகு பார்களில் வந்தது. வந்ததற்குக் காரணமும் இருக்கிறது. அந்தச் சரக்கில் அனிஸ் விதை மிகக் குறைவு. தண்ணீர் விட்டால் வெளுக்காது. கிளாஸில் பார்க்க ஒன்றும் நடக்காது என்றால் வேறு ஏதாவது நடக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் நெருப்பு.

வெளுப்பது ஏன் என்று தெரிந்தால் இந்தப் பேச்சே வராது. அனிஸிலும் பெருஞ்சீரகத்திலும் அனெதோல் என்ற எண்ணெய் இருக்கிறது. அது சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. குளிர்ந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ விழ, சாராயத்தின் அளவு இறங்க இறங்க, எண்ணெய் நுண்ணிய துளிகளாகப் பிரிந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அடியில் முதலில் மேகம் கட்டும், மேலே ஒரு பச்சை வளையம் நிற்கும், கடைசியில் அதுவும் கலங்கும். அந்த இரண்டு நிமிடத்தில் வாசனை ஒவ்வொன்றாக எழும்பும். இதைக் கொளுத்தினால் என்ன மிச்சம்? கருகின சர்க்கரை நாற்றம்.

ஜெய்_பெங்களூர்:
அடுத்த மாதம் ஜெனீவா போகிறேன். ஒரு பாட்டில் வாங்கலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது என்று யாராவது சொல்ல முடியுமா?

லா_சப்பெல்_சுதன்:
இருவருக்கும் ஒன்று சொல்லுறன். நான் பாரிஸில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். இங்கே கடையில் பஸ்திஸ் மலிவாகக் கிடைக்கும். தண்ணி விட்டால் அதுவும் வெளுக்கும். அதே சோம்பு வாசனை. பேருக்காக மூன்று மடங்கு காசு குடுக்கிறதுக்கு எனக்கு விருப்பமில்லை.

வள்ளி_நொய்சாத்தெல்:
சுதன் அண்ணை, பஸ்திஸ் தடைக்குப் பிறகு வந்த மாற்றுச் சரக்கு. மார்செயில் ரிக்கார்ட் தன்னுடையதை விற்க ஆரம்பித்தது 1932இல். அதில் அதிமதுரம் இருக்கிறது, சர்க்கரை முன்பே கலந்திருக்கிறது, அன்னாசிப்பூ எண்ணெய் இருக்கிறது. அப்சிந்துக்குப் பெயர் கொடுத்த கசப்புச் செடி, ஆர்ட்டிமீசியா அப்சிந்தியம் என்ற வொர்ம்வுட், அதில் கிடையாது. வெளுப்பதெல்லாம் அப்சிந்த் என்று நான் எங்கே எழுதினேன்? கொளுத்தக் கூடாது என்றுதான் எழுதினேன்.

ஜெய், உங்களுக்கு: லேபிளில் 'வடித்தது' என்ற பொருளில் திஸ்திலே (distillée) என்று இருக்கிறதா பாருங்கள். எண்ணெய் எசன்ஸும் சாராயமும் கலந்து செய்வது வேறு சரக்கு. ஈ102, ஈ133 என்று நிறமி எண் இருந்தால் கீழே வையுங்கள். நல்ல பச்சை அப்சிந்துக்கு நிறம் வடித்த பிறகு சின்ன வொர்ம்வுட், ஹிசோப், மெலிசா இலைகளை ஊறவைப்பதால் வருகிறது. கிளிப்பச்சையாக மின்னாது. நாளாக நாளாகக் காய்ந்த இலை நிறத்துக்குப் போகும், அது கெட்டுப்போனது அல்ல. எங்கள் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் நிறமே போடாத வெள்ளை அப்சிந்த்தான். பலருக்கு 53 சதவீதம் வழக்கம், முதல் போத்தலுக்கு அதுவே நல்லது. 70 சதவீதத்துக்கு மேல் போனால் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்க விடமாட்டார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குடிக்கும்போது 30 மில்லிக்கு 90 முதல் 150 மில்லி வரை ஐஸ் தண்ணீர். கொளுத்தாதீர்கள்.

பிராக்_பாண்டி:
லேபிள் பாடமெல்லாம் சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்சிந்துக்குச் சட்டப்படி வரையறையே கிடையாது தெரியுமா? 2013இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஒரு வரையறை கொண்டுவந்து தோற்கடித்தார்கள். ஆக செக்காரன் சரக்கும் அப்சிந்த்தான். செக்காரன் முறை கொளுத்துவது. அதுவும் முறைதான். நீங்கள் யார் அக்கா தடுக்க?

வள்ளி_நொய்சாத்தெல்:
சட்டம் பேசாத இடத்தில் கொளுத்தலாம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? நான் கேட்டது ஒரு படம். 1915க்கு முந்தைய ஒரே ஒரு படம். இன்னும் வரவில்லை.

ஏற்காடு_எட்வின்:
இந்த அம்மாவிடம் வாதம் பண்ணிப் பயனில்லை பாண்டி. இரண்டு வருடம் முன்னால் சிக்கரி கலந்த காபி காபியே இல்லை என்று என்னிடம் இதே மாதிரி சண்டை போட்டார். கடைசி வரை 'சான்று எங்கே, சான்று எங்கே' என்றுதான். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குடிக்கிறோம், அதற்கு என்ன சான்று வேண்டும்? இன்றைக்குச் சர்க்கரை, அன்றைக்குச் சிக்கரி.

வள்ளி_நொய்சாத்தெல்:
எட்வின், சிக்கரி இழை மூடியாகிவிட்டது. அதை இங்கே தோண்ட வேண்டாம். அதில் நான் சொன்னதில் இன்றும் ஒரு எழுத்து மாற்றமில்லை.

மருந்தாளர்_மகி:
கொளுத்துவதா வேண்டாமா என்பதை விடுங்கள். இதைக் குடித்தால் பைத்தியம் பிடிக்கும், கண்ணுக்கு உருவம் தெரியும் என்பதால்தானே தடை செய்தார்கள்? வொர்ம்வுட்டில் இருக்கும் துஜோன் நரம்பு விஷம். அதிக அளவில் வலிப்பு வரவைக்கும், இது மருந்தியல் புத்தகத்தில் உள்ளது. அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லையே.

பிராக்_பாண்டி:
மகி சார் சரியாகச் சொன்னார். செக் பாட்டிலில் துஜோன் அளவைப் பெரிதாகப் போட்டே விற்பார்கள். அசல் வேகம் அதில்தான். கொளுத்தினால் இன்னும் ஏறும்.

வள்ளி_நொய்சாத்தெல்:
கொளுத்தினால் துஜோன் ஏறும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள் பாண்டி? நெருப்பு எப்படித் துஜோனை உண்டாக்கும்?

மகி, விஷயத்துக்கு வருகிறேன். பாரிஸில் வலந்தான் மாஞ்ஞான் என்ற மனநல மருத்துவர் விலங்குகளுக்கு வொர்ம்வுட் எண்ணெயை நேரடியாகக் கொடுத்தார், வலிப்பு வந்தது. கிளாஸில் இருப்பது அந்த எண்ணெய் இல்லை. 2008இல் வெளியான ஆய்வில் தடைக்கு முந்தைய பழைய போத்தல்கள் 13ஐத் திறந்து அளந்தார்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் முதல் 48.3 வரை, சராசரி 25.4. இன்று ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் செடி போட்ட மதுவுக்கு அனுமதிப்பது கிலோவுக்கு 35. அந்தக் காலத்துச் சரக்குக்கும் இப்போதைய சரக்குக்கும் பெரிய தூரம் இல்லை. உருவம் தெரியும் அளவு துஜோன் ஏறுவதற்கு முன்னால் சாராயமே ஆளைக் கொன்றுவிடும்.

தடை எப்படி வந்தது என்றும் சொல்கிறேன். 1905 ஆகஸ்டில் வோ மாநிலத்தில் கொமுய்ஞி என்ற ஊரில் ஜான் லான்ஃப்ரே கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றான். அன்றைக்கு அவன் குடித்த அப்சிந்த் இரண்டு கிளாஸ். அதோடு வைனும் கொன்யாக்கும் வயிறு முட்டக் குடித்திருந்தான். நாடே அப்சிந்தைத்தான் பிடித்துக்கொண்டது. 1908இல் வாக்கெடுப்பு, 1910இல் தடை. வைனை யாரும் கேட்கவில்லை. வைன் விற்பவர்களுக்கு அது எவ்வளவு வசதி! திராட்சைக் கொடிகளை ஃபிலாக்சரா பூச்சி அழித்த காலத்தில் வைன் விலை ஏறி, ஜனம் அப்சிந்துக்கு மாறியிருந்தது. திரும்பப் பிடிக்க அவர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. தடை நீங்கிய 2005 மார்ச் 1 வரை எங்கள் பள்ளத்தாக்கில் ஒளித்து வடித்தார்கள். மாட்டிக்கொண்டவர்களை விசாரித்த மோத்தியே நீதிமன்றக் கட்டடம்தான் இன்றைக்கு அப்சிந்த் அருங்காட்சியகம். தடைக்காலம் முழுக்க ஒளித்துக் குடித்தவர்கள்கூடக் கொளுத்தவில்லை.

மருந்தாளர்_மகி:
சராசரியைச் சொல்கிறீர்கள், 48.3 இருந்த பாட்டிலைக் குடித்தவன் கதி? தினமும் ஆறு கிளாஸ் குடித்தவன் கதி? ஒரு ஆய்வை வைத்து எல்லாவற்றையும் மூடாதீர்கள்.

லா_சப்பெல்_சுதன்:
வைன்காரர் மேல் பழி போடாதையுங்கோ. இங்கே வைன் குடிச்சு யாரும் குடும்பத்தைச் சுட்டதில்லை.

வள்ளி_நொய்சாத்தெல்:
லான்ஃப்ரே குடித்தது என்ன என்று மேலே எழுதியிருக்கிறேன் அண்ணை. வாசித்துவிட்டு எழுதுங்கள்.

பிராக்_பாண்டி:
நெருப்புக்கும் அப்சிந்துக்கும் சம்பந்தமே இல்லை என்கிறீர்களே, உங்கள் பெர்னோ ஆலையே தீப்பிடித்து எரிந்ததே அக்கா? அது எந்தப் பார்க்காரன் வேலை?

வள்ளி_நொய்சாத்தெல்:
அது இடி தம்பி. 1901 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, பொந்தார்லியே ஆலையில் மின்னல் விழுந்தது. தொட்டிகள் வெடித்தால் ஊரே போகும் என்று அப்சிந்தை தூ ஆற்றில் திறந்துவிட்டார்கள். ஆறே அப்சிந்த் வாசம் அடித்தது. சில நாளில் லூ என்ற வேறு ஆற்றின் ஊற்றிலும் அதே வாசனை. அப்போதுதான் தூ ஆற்றுத் தண்ணீர் பாறைக்கு அடியில் போய் லூ ஆறாக வெளிவருகிறது என்று தெரிந்தது. பிறகு சாயம் கலந்து உறுதிசெய்தார்கள். ஊர் எரிந்துபோகாமல் காப்பாற்றிய ஆட்களை, கிளாஸைக் கொளுத்துவதற்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறீர்கள். தண்ணீரோடு சேர்ந்ததால்தான் அந்தக் கதையே நமக்குக் கிடைத்தது.

இன்னொன்று. 68 சதவீதச் சரக்கைக் கிளாஸில் கொளுத்தி, அணையவில்லை என்று போத்தலை எடுத்து மேலே ஊற்றுபவர்களை எனக்குத் தெரியும். நெருப்பு ஊற்றும் தாரையைப் பிடித்துக்கொண்டு போத்தலுக்கு ஏறும். புருவமும் கையும் போகும். நான் கோபப்படுவது வாசனைக்காக மட்டும் இல்லை.

ஏற்காடு_எட்வின்:
இப்போது தீயணைப்புத் துறையும் வந்துவிட்டது. காபியில் தோற்றதற்கு இங்கே ஈடுகட்டுகிறார்.

வள்ளி_நொய்சாத்தெல்:
தோற்றேனா? அந்த இழையை மூடச் சொல்லி நிர்வாகிக்கு எழுதியது யார் எட்வின்? சொல்லவா?

ஜெய்_பெங்களூர்:
வெள்ளை அப்சிந்த் 53 சதவீதம் என்று குறித்துக்கொண்டேன், நன்றி அக்கா. சர்க்கரை கட்டாயமா?

வள்ளி_நொய்சாத்தெல்:
இல்லை. வெள்ளைக்கு இங்கே பலர் போடுவதில்லை. பழைய பிரெஞ்சுச் சரக்கு கசப்பும் காரமும் கூட, அதற்குக் கரண்டியும் சர்க்கரையும் பழக்கம். முதலில் சர்க்கரை இல்லாமல் ஒரு வாய் பாருங்கள். தண்ணீரை அவசரப்படாமல் விடுங்கள்.

பிராக்_பாண்டி:
ஜெய், சர்க்கரை போட்டு ஒரு தடவை கொளுத்தியும் பாருங்கள். அதன் பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். இங்கே ஒரு ஆள் மட்டும் எல்லாருக்கும் முடிவு செய்கிறார்.

வள்ளி_நொய்சாத்தெல்:
பாண்டி, படம். 1915க்கு முந்தையது. வேறு எதுவும் எழுத வேண்டாம், படத்தைப் போடுங்கள்.

பிராக்_பாண்டி:
அந்தக் காலத்தில் பாருக்குள் கேமரா தூக்கிக்கொண்டு திரிந்தார்களா?

வள்ளி_நொய்சாத்தெல்:
ஓவியம் வரைந்தார்கள். தெகா 1876இல் வரைந்த அப்சிந்த் ஓவியத்தில் மேசையில் கலங்கிய கிளாஸ்தான் இருக்கிறது. நெருப்பு எங்கே?

லா_சப்பெல்_சுதன்:
அது பஸ்திஸாகவும் இருக்கலாம்.

வள்ளி_நொய்சாத்தெல்:
1876இல் பஸ்திஸா அண்ணை? 1932 என்று நான் மேலே எழுதியதை ஒருவராவது வாசித்தீர்களா?

மருந்தாளர்_மகி:
என் துஜோன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பிராக்_பாண்டி:
நாளைக்கு பிராக் நண்பனிடம் சொல்லி வீடியோவே வாங்கிப் போடுகிறேன். கொளுத்துவது, அணைப்பது, குடிப்பது எல்லாம் இருக்கும்.

வள்ளி_நொய்சாத்தெல்:
போடுங்கள். எந்த வருடம் எடுத்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.