"2010 பேட்ச்"னா 2010-ல வேலைக்கு வந்தவரா? சென்னை டிசிக்கள் (காவல் துணை ஆணையர்கள்) பத்தின பஞ்சாயத்து

தராசுமுள்:
வேற இழையில மூணுஸ்டார்ங்கிற அன்பர் எழுதினதை அப்படியே போடறேன்: "சென்னை சிட்டி போலீஸ்ல மேல உக்காந்திருக்கிற எல்லாரும் நேரடி ஐபிஎஸ். 2010 பேட்ச் டிசிக்கு 2024-ல 14 வருஷ சர்வீஸ். அவருக்கு சல்யூட் அடிக்கிற இன்ஸ்பெக்டருக்கு 25 வருஷம். ஸ்டேஷன் வாசப்படி மிதிக்காதவன் ஸ்டேஷனை ஆளறான்."

கைதட்டல் வேற. இதுல ஒரு வரி கூட தேறாது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், அடையாறு, புளியந்தோப்பு, கொளத்தூர்னு சட்டம் ஒழுங்குக்கு 12 டிசி காவல் மாவட்டம். போக்குவரத்து, மத்திய குற்றப்பிரிவு, நுண்ணறிவு, தலைமையிடம்னு டிசி நாற்காலிங்க தனி. அதுல உக்கார்றவங்க மூணு வகை. யூபிஎஸ்சி எழுதி நேரா வந்தவங்க. டிஎன்பிஎஸ்சி குரூப் 1 எழுதி டிஎஸ்பியா சேர்ந்து, பின்னால ஐபிஎஸ் கிடைச்சவங்க. ஐபிஎஸ் இன்னும் வராம எஸ்பி அந்தஸ்துல இருக்கிற மாநிலப் பணி அதிகாரிங்க. பேப்பர்ல பேருக்குப் பின்னால "இ.கா.ப."ன்னு இருந்தா அது முதல் வகையா ரெண்டாவது வகையான்னு தெரியாது. பேட்ச் வருஷத்தைப் பார்த்தாலும் தெரியாது. அதைத்தான் அன்பர் சர்வீஸ் கணக்குன்னு நினைச்சிட்டார்.

மூணுஸ்டார்:
வாங்க வாங்க, வாத்தியார் வந்தாச்சு. 2010 பேட்ச்னா 2010 பேட்ச். இதுக்கு எதுக்கு இவ்வளவு பத்தி?

தராசுமுள்:
பேட்ச்ங்கிறது நேரடி ஆளுக்குத்தான் சேர்ந்த வருஷம். பதவி உயர்வுல வந்தவருக்கு அது ஒதுக்கீட்டு ஆண்டு, கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. ஐபிஎஸ் சீனியாரிட்டி விதிகள் 1988-ல இருக்கு.

கணக்கு இதோ. ஒருத்தர் 2002-ல குரூப் 1 டிஎஸ்பி. 2014-ல ஐபிஎஸ் கிடைக்குது. டிஎஸ்பி, ஏடிஎஸ்பின்னு (கூடுதல் எஸ்பி) 12 வருஷம் ஓடியிருக்கு. அந்த மாநிலப் பணிக்காகக் கழிச்சுக் கொடுக்கிற சலுகை, அதாவது வெயிட்டேஜ், 4 வருஷம். 2014-ல 4 போனா 2010. ஆக அவர் 2010 பேட்ச். காக்கி மாட்டினது 2002. ஐபிஎஸ் ஆனது 2014. 2010-ல அவர் வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கல!

மூணுஸ்டார்:
அப்போ 2010 பேட்ச்தானே? நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நன்றி வணக்கம்.

புளியந்தோப்பு_புயல்:
மூணுஸ்டார் அண்ணே, அவர் சொல்றது வேற. நீங்க 14 வருஷம்னு சொன்ன அதே டிசிக்கு 2024-ல 22 வருஷ யூனிஃபார்ம் இருக்கலாம்ங்கிறார். உங்க இன்ஸ்பெக்டரோட 25-க்கும் அதுக்கும் 3 வருஷம்தான் வித்தியாசம்.

மூணுஸ்டார்:
"இருக்கலாம்". லாம் லாம் லாம். பேட்ச் 2010. அரசாங்கம் 2010-ன்னு போடுது. அரசாங்கத்தை விட தராசுமுள் பெரியவரா?

தராசுமுள்:
அரசாங்கம் 2010-ன்னு போடறது சீனியாரிட்டிக்கும் சம்பள நிலைக்கும். அனுபவத்துக்குச் சான்றிதழ் இல்ல. நேரடி ஆளுக்கு ஒதுக்கீட்டு ஆண்டுல இருந்து 13 வருஷம் முடிஞ்சா எஸ்பியிலயே மேல்நிலையான செலக்‌ஷன் கிரேடு, 14-ல டிஐஜி, 18-ல ஐஜி, 25-ல ஏடிஜிபி, 30-ல டிஜிபி. பதவி உயர்வுல வந்தவருக்கும் இதே கணக்கு, அதே ஒதுக்கீட்டு ஆண்டுல இருந்து. சென்னையில இதைப் பதவியா மாத்துங்க: இணை ஆணையர் டிஐஜி, கூடுதல் ஆணையர் ஐஜி, ஆணையர் ஏடிஜிபி.

இங்கதான் அடி விழுது. அந்த 2002 டிஎஸ்பி 28 வயசுல சேர்ந்தார்னு வைங்க. 60 வயசு 2034-ல. 2010-ல இருந்து 25 கூட்டினா ஏடிஜிபி தகுதி 2035. ஒரு வருஷம் முன்னாடியே வீட்டுக்குப் போயிடுவார். நேரடி 2010 ஆள் 26 வயசுல வந்திருந்தா 51 வயசுல ஏடிஜிபி, இன்னும் 9 வருஷம் கையில இருக்கு. கமிஷனர் நாற்காலிக்கு யார் வர்றாங்கங்கிறதுல பாதி இந்தக் கூட்டல் கழித்தல்தான்.

ஊனமாஞ்சேரி_நிழல்:
28-னு நீங்களா எடுத்துக்கிட்டீங்க தராசு சார். குரூப் 1 எழுத 21 வயசு போதும். 24-ல டிஎஸ்பி ஆனவருக்கு 60 வயசு 2038-ல. 2035-ல ஏடிஜிபி தகுதி வந்தா 3 வருஷம் மீதி இருக்கே. கணக்கை உங்களுக்கு வசதியா வளைக்காதீங்க.

தராசுமுள்:
மேடம், 12 வருஷத்துல ஐபிஎஸ் கிடைக்கிறதையே நான் தாராளமா வச்சேன். 18 வருஷம் ஆச்சுன்னு வைங்க, 2020-ல கிடைக்குது. 18 வருஷத்துக்கு வெயிட்டேஜ் 6. பேட்ச் 2014. ஏடிஜிபி தகுதி 2039. உங்க 24 வயசு டிஎஸ்பியும் 2038-ல மாலை வாங்கிட்டுப் போயாச்சு. இன்னொண்ணு, 25 வருஷம்ங்கிறது குறைஞ்சபட்சம். அந்த வருஷம் பதவி காலியா இருக்கணும், தேர்வுக் குழு பேரை எடுக்கணும்.

ஊனமாஞ்சேரி_நிழல்:
12-ம் உங்க கற்பனை, 18-ம் உங்க கற்பனை. எது தோதோ அதை எடுத்து வைக்கிறீங்க.

தராசுமுள்:
கற்பனை இல்ல, தாமதத்துக்குக் காரணம் இருக்கு. ஐபிஎஸ் பதவிகள்ல மூணுல ஒரு பங்குதான் பதவி உயர்வுக்கு. தகுதி: டிஎஸ்பி நிலையில 8 வருஷம் தொடர் பணி, வயசு 56-க்குள்ள. காலியிடத்தைப் போல மூணு மடங்கு பேரை சீனியாரிட்டி வரிசையில மாநில அரசு அனுப்பும். யூபிஎஸ்சி தலைவர் இல்ல உறுப்பினர் தலைமையில குழு உக்காந்து ரகசியக் குறிப்பேடு பார்த்துத் தரம் போடும். எங்க இடிக்கும்னா, டிஎஸ்பி சீனியாரிட்டி லிஸ்ட்லயே ஒருத்தர் வழக்குப் போட்டா மொத்தப் பட்டியலும் நிக்கும். 17(ஆ) மெமோ (பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை) ஒண்ணு நிலுவையில இருந்தா பேர் "தற்காலிகமா" சேரும், மெமோ முடிஞ்சாத்தான் நியமனம். நேர்மைச் சான்று வராம போனாலும் அதே கதிதான். இதெல்லாம் சேர்ந்துதான் 8-ஐ 18 ஆக்குது.

மூணுஸ்டார்:
இவ்வளவும் படிச்சேன். பேட்ச் 2010.

பழைய_லாக்புக்:
ரெண்டு பேருமே ஒரு கூட்டத்தை மறந்துட்டீங்க. நேரடி எஸ்ஐயா சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் வழியா வந்து, இன்ஸ்பெக்டர் ஆகி, டிஎஸ்பி ஆகி, சென்னையில ஏசியா (உதவி ஆணையரா) உக்கார்றவங்க. கொலை ஸ்பாட், மகஜர், ரிமாண்டு, கேஸ் டைரி எல்லாம் கையால எழுதினவங்க அவங்கதான். 50 வயசுல டிஎஸ்பி ஆனா 8 வருஷம் முடியறப்ப 58. 56-ங்கிற கோடு தாண்டிப் போச்சு. ஐபிஎஸ் கதவே திறக்காது. ஏசி, மிஞ்சினா ஏடிசி (கூடுதல் துணை ஆணையர்), அதோட முடிஞ்சது. எஸ்சி/எஸ்டி வன்கொடுமை வழக்குன்னா டிஎஸ்பிக்குக் குறையாதவர்தான் புலனாய்வு செய்யணும்னு 1995 விதி சொல்லுது. சென்னையில அது ஏசி. 60 நாள்ல முடிக்கணும். சட்டம் ஒழுங்கு பந்தோபஸ்துக்கும் அதே ஏசிதான். அதைப் பத்தி யாருக்கும் கவலை இல்ல, பேட்ச் பேட்ச்னு ஒரே சத்தம்.

மூணுஸ்டார்:
லாக்புக் அண்ணே, இதைத்தான் நானும் சொன்னேன்! ஸ்டேஷன் தெரிஞ்சவன் மேல போகல.

தராசுமுள்:
நீங்க அதைச் சொல்லல. "மேல இருக்கிற எல்லாரும் நேரடி ஐபிஎஸ்"னு சொன்னீங்க. "எல்லாரும்". அந்த வார்த்தையை வாபஸ் வாங்குங்க. நேரடி ஐபிஎஸ் ஸ்டேஷன் பார்க்கலங்கிறதும் தப்பு. ஹைதராபாத் அகாடமி முடிஞ்சதும் மாவட்டத்துல செயல்முறைப் பயிற்சி, அதுல நிலையப் பொறுப்பும் உண்டு. அப்புறம் உட்கோட்டத்துல ஏஎஸ்பி (உதவி எஸ்பி).

பழைய_லாக்புக்:
பயிற்சியில நிலையப் பொறுப்பு சில வாரம். கூடவே ஒரு மூத்த எஸ்ஐ நிப்பார், ரைட்டர் பொது நாட்குறிப்பை எழுதி வைப்பார். அதை அனுபவம்னு சொல்லாதீங்க. உட்கோட்ட ஏஎஸ்பிங்கிறது வேற, அதை ஒத்துக்கறேன். ஆனா மாவட்ட ஸ்டேஷன்ல ஒரே இன்ஸ்பெக்டர் எல்லாம் பார்ப்பார். சென்னையில சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், குற்றத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர், போக்குவரத்து தனி. ஒரே எல்லையில நடந்த செயின் பறிப்பும் தகராறும் ரெண்டு மேஜைக்குப் போகும். மாவட்டத்துல இருந்து நேரா டிசியா வர்றவர் முதல் மாசம் இதுலதான் குழம்புவார்.

தீர்ப்பு_நகல்:
அனுபவம் இருக்கா இல்லையான்னு தோள்பட்டையில தேடறீங்க. குண்டர் சட்ட ஃபைலைப் பாருங்க. மாவட்டத்துல அந்தச் சட்டப்படி (1982-ன் 14-வது சட்டம்) தடுப்புக்காவல் உத்தரவு கலெக்டர் கையெழுத்து. சென்னையில கமிஷனரே போடறார். முன்மொழியறது இன்ஸ்பெக்டர்: பழைய வழக்குகள், அடிப்படை வழக்கு, ரிமாண்டு உத்தரவு, ஜாமீன் நிலவரம். 12 நாள்ல அரசு ஒப்புதல் வேணும், 3 வாரத்துல அறிவுரைக் கழகத்துக்கு (காவல்ல வச்சது சரியான்னு பார்க்கிற குழு) போகணும்.

உயர் நீதிமன்றத்துல எதுல விழுதுன்னா, "ஜாமீன்ல வெளிய வர வாய்ப்பு உண்டு"ன்னு காட்ட, சம்பந்தமே இல்லாத வேற வழக்கோட ஜாமீன் உத்தரவை ஒட்டியிருப்பாங்க. ரிமாண்டு உத்தரவுக்குத் தமிழ் நகல் இருக்காது. ஜெராக்ஸ்ல பாதிப் பக்கம் கறுப்பா இருக்கும். கைதியோட மனு மேஜையில தூங்கும். நேரடி ஐபிஎஸ் கமிஷனர் போட்ட உத்தரவும் இப்படி விழுது, வேற யார் போட்டதும் இப்படித்தான் விழுது.

மூணுஸ்டார்:
கமிஷனருக்கு மாஜிஸ்ட்ரேட் பவர், டிசிக்கும் மாஜிஸ்ட்ரேட் பவர். அதனாலதான் பேட்ச் முக்கியம்னேன்.

தீர்ப்பு_நகல்:
எப்ப சொன்னீங்க? அது இருக்கட்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 107-ல இருந்து 110 வரைக்கும் உள்ள நன்னடத்தைப் பிணை விஷயத்துல டிசிக்களுக்குக் கொடுத்த நிர்வாக நடுவர் அதிகாரத்தை 2023 மார்ச்சுலயே சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லியாச்சு. பிடிக்கிறவரும் விசாரிக்கிறவரும் ஒரே துறையா இருக்கக் கூடாதுங்கிறதுதான் விஷயம். இப்ப அந்தப் பிரிவுகள் புது சட்டத்துல 126-ல இருந்து 129.

மூணுஸ்டார்:
தீர்ப்பு வந்தா என்ன, டிசி டிசிதான்.

புளியந்தோப்பு_புயல்:
பேட்ச் பேட்ச்தான், டிசி டிசிதான். அண்ணன் தத்துவம் ஒரே மாதிரி போகுது 😄

தராசுமுள்:
கமிஷனர் கதைக்கு வர்றேன். மகேஷ் குமார் அகர்வால் 1994 பேட்ச், 2020-ல கமிஷனர், 26 வருஷம். சங்கர் ஜிவால் 1990 பேட்ச், 2021-ல, 31 வருஷம். அருண் 1998 பேட்ச், 2024 ஜூலையில, 26 வருஷம். 25-ங்கிற கோட்டுக்குக் கீழ ஒருத்தரும் இல்ல. விஜயகுமாரை எடுத்துக்கோங்க, 1975 பேட்ச், பிரதமர் பாதுகாப்புக்கான எஸ்பிஜியில இருந்தவர், சென்னை கமிஷனரா இருந்து அப்புறம் அதிரடிப்படைக்குப் போனவர். லத்திகா சரண் 1976 பேட்ச், 2006-ல சென்னையோட முதல் பெண் கமிஷனர். இவங்க பாதை ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. "ஸ்டேஷன் வாசப்படி மிதிக்காதவன்"னு ஒரே வரியில அடிச்சா எப்படி?

ஊனமாஞ்சேரி_நிழல்:
பார்த்தீங்களா, நீங்களே இப்ப பேட்ச் வச்சு சர்வீஸ் கணக்குப் போடறீங்க. 26 வருஷம், 31 வருஷம்னு. காலையில இருந்து அதைத்தானே தப்புன்னு சொன்னீங்க?

மூணுஸ்டார்:
அக்கா 👏👏👏 செத்தான் சேகரு.

தராசுமுள்:
இவங்க எல்லாம் நேரடி. நேரடி ஆளுக்கு பேட்ச்தான் சேர்ந்த வருஷம்னு ரெண்டாவது பதிவுலயே எழுதினேன். படிக்காம கைதட்டினா நான் என்ன பண்றது?

மூணுஸ்டார்:
நேரடிக்கு ஒரு பேட்ச், மத்தவனுக்கு ஒரு பேட்சா? நல்லா இருக்கு சார் உங்க நியாயம். போன வாரம் பேப்பர்ல ஒரு டிசி போட்டோ, சிங்கமுகத்தோட ரெண்டு ஸ்டார். எஸ்பிக்கு ஒரு ஸ்டார்தானே? அப்ப அவர் டிசி இல்லையா?

தராசுமுள்:
அது செலக்‌ஷன் கிரேடு. 13 வருஷம் முடிஞ்சா சிங்கமுகமும் ரெண்டு ஸ்டாரும். டிஐஜிக்கு மூணு. வெறும் சிங்கமுகம் ஏடிஎஸ்பி. பேரே மூணுஸ்டார்னு வச்சிருக்கீங்க, உங்க மூணு ஸ்டாருக்குக் கீழ சிவப்பு-நீல ரிப்பன் இருக்கா இல்லையா? இருந்தா இன்ஸ்பெக்டர், இல்லேன்னா டிஎஸ்பி. முதல்ல அதை முடிவு பண்ணுங்க.

மூணுஸ்டார்:
பெயரை இழுக்காதீங்க. சென்னை கமிஷனரேட்ல இருந்து ஆவடி, தாம்பரம் பிரிச்சப்ப நீங்க உளறினதை இங்க யாரும் மறக்கல.

தராசுமுள்:
உளறினது நீங்க. "2022-ல தான் முதல் தடவையா புறநகரைத் தனியா பிரிச்சாங்க"ன்னு எழுதினது யாரு? 2008-லயே புறநகர் கமிஷனரேட் வந்து, 2011-ல திரும்ப சென்னையோட சேர்த்தாச்சு. அன்னைக்கும் இப்படித்தான், "பிரிச்சது பிரிச்சதுதான்"னு நாலு தடவை எழுதிட்டுக் காணாம போனீங்க.

பழைய_லாக்புக்:
ஏசிக்கு 60 நாள்னு ஒரு விஷயம் சொன்னேன். ஒருத்தரும் கண்டுக்கல.

தீர்ப்பு_நகல்:
லாக்புக், அந்த 60 நாள் தவறினா எழுத்துல காரணம் சொல்லணும்னும் அதே விதியில இருக்கு. தனி இழை போடுங்க, வர்றேன். இங்க வேணாம்.

ஊனமாஞ்சேரி_நிழல்:
தராசு சார், 24 வயசு டிஎஸ்பிக்கு 15 வருஷத்துல ஐபிஎஸ் கிடைச்சா வெயிட்டேஜ் 5, பேட்ச் 2012, ஏடிஜிபி 2037, ஓய்வு 2038. ஒரு வருஷம் மீதி. இதுக்குப் பதில் சொல்லாம ஸ்டார் எண்ணிட்டு இருக்கீங்க.

தராசுமுள்:
அந்த ஒரு வருஷத்துல சென்னை கமிஷனரா போடுவாங்களா, மேடம்?

ஊனமாஞ்சேரி_நிழல்:
போடுவாங்களாங்கிறது அரசோட இஷ்டம். முடியுமாங்கிறது கணக்கு. நீங்க முடியாதுன்னுதான் எழுதினீங்க.

தராசுமுள்:
நான் "பாதி இந்தக் கூட்டல் கழித்தல்"னு எழுதினேன். பாதின்னு. மேல போய்ப் படிங்க.

மூணுஸ்டார்:
எத்தனை வருஷம் மீதி இருந்தாலும், பேட்ச் 2010.

தராசுமுள்:
2012. அக்கா சொன்ன கணக்குல 2012. அதைக் கூட சரியா படிக்கல!